முக்கால் சதுர மீட்டர்

"காலை மடக்கிட்டா கொள்ளும் மேடம். நீட்டினாத்தான் பக்கத்துப் பிள்ளை வயித்துல இடிக்கும்."

"மடக்கியே தூங்குமா?"

"தூக்கத்துல யாருக்கு ஞாபகம் இருக்கும், மடக்கணும்னு? அதுக்குத்தான் இந்தக் குச்சி. அடிக்க இல்ல. முட்டியில லேசா தட்டுவேன், அதுவே மடக்கிக்கும்."

காப்பகத்து டீச்சர் குச்சியை எடுத்துக் காட்டினாள். பிள்ளைக்கு வலித்துவிடக் கூடாதென்று அதன் நுனியில் ஒரு பழைய காலுறையைச் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டியிருந்தாள். அந்தக் காலுறையைப் பார்த்ததும் வந்திருந்தவளின் பேனா நின்றது. வெறும் குச்சியாக இருந்திருந்தால் ஒரு சத்தம் போட்டுவிட்டு, அறிக்கையில் நாலு வரி எழுதிவிட்டுப் போயிருக்கலாம். காலுறை கட்டிய குச்சியை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது?

வந்திருந்தவள் ஓர் அறக்கட்டளையின் அதிகாரி. சின்னப் பிள்ளைகளுக்கான காப்பகங்களில் எதற்கு நல்கை கொடுக்கலாம், எதற்கு நிறுத்தலாம் என்று பரிந்துரைப்பது பாதி வேலை. அமைச்சகத்துக்குப் போகும் கொள்கைக் குறிப்புகளைச் செதுக்கித் தருவது மீதிப் பாதி. நாற்பது பக்க ஆய்வைக் கையில் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் ஒரே பக்கமாக்கித் தந்துவிடுவாள். அதனால் அலுவலகத்தில் அவளுக்குக் கத்திரி என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் நாளடைவில் முன்பக்கமாக வந்து, இப்போது கடைநிலை ஊழியர்வரை எல்லோரும் கத்திரி மேடம் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவளுக்கும் அதில் உள்ளூர ஒரு பெருமை.

மணி பன்னிரண்டே முக்கால். கூடத்தின் நடுவில் இருபத்திரண்டு பிள்ளைகள் நெருக்கியடித்துப் படுத்திருந்தன. இன்னும் இருபத்திரண்டு பிள்ளைகள் சுவரோரமாக முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அவை பேசவில்லை, விளையாடவில்லை. மூன்று வயதும் நாலு வயதுமான பிள்ளைகள் ஆஸ்பத்திரி வராந்தாவில் டோக்கன் வாங்கிய பெரியவர்களைப் போல முறைக்குக் காத்திருந்தன. நாற்பது நிமிடம் ஆனதும் டீச்சர் இரண்டு தரம் கை தட்டினாள். படுத்திருந்தவை எழுந்து சுவருக்குப் போக வேண்டும், சுவரில் இருந்தவை வந்து படுக்க வேண்டும். அப்போதுதான் கண்ணயர்ந்த பிள்ளைகள் ஈரத்துணி போலத் துவண்டு எழுந்தன. மஞ்சள் சட்டை போட்ட ஒரு சிறுமி எழவே இல்லை. டீச்சர் அவளை அக்குளில் கைகொடுத்துத் தூக்கிச் சுவரில் சாய்த்தாள். தலை பக்கத்துப் பையன் தோளில் சரிந்தது. அவன் தோளை நகர்த்திக்கொண்டான். தலை இன்னும் கீழே சரிந்தது.

அந்த நேரம் பார்த்து, அப்போதுதான் படுத்த ஒரு பையன் குடித்த பாலை அப்படியே வாந்தி எடுத்தான். முகத்தைத் திருப்ப இடமில்லாததால் அது பக்கத்துப் பிள்ளையின் தலைமுடியில் வழிந்தது. படுத்ததுமே தூங்கிவிட்ட அந்தப் பிள்ளை விழிக்கக்கூட இல்லை. டீச்சர் இடுப்பில் செருகியிருந்த துணியை எடுத்து முதலில் முடியை, பிறகு தரையை, கடைசியாகப் பையன் வாயைத் துடைத்தாள். பழகிய கை. புளித்த பால் நாற்றம் கூடம் முழுக்கப் பரவியது. கத்திரி கைக்குட்டையை மூக்கருகே கொண்டுபோய், வெட்கப்பட்டு இறக்கிக்கொண்டாள்.

யார் இப்படிச் செய்யச் சொன்னது என்று கேட்டாள். டீச்சர் குச்சியாலேயே சுவரைக் காட்டினாள். அமைச்சகத்துச் சுற்றறிக்கை அங்கே ஒட்டியிருந்தது. 'ஒரு குழந்தைக்கு முக்கால் சதுர மீட்டர் போதுமானது என்று ஆய்வில் உறுதியாகியுள்ளது.' அதுவரை ஒன்றரை சதுர மீட்டர் கணக்கு. அதே கூடம், அதே சுவர். ஒரு செங்கல்கூட வைக்காமல் இருபத்திரண்டு இடம் நாற்பத்துநாலாகிவிட்டது. பதினோரு காப்பகங்களில் வெள்ளோட்டம் நடக்கிறது. அடுத்த வாரம் அமைச்சர் கையெழுத்துப் போட்டால் எல்லாக் காப்பகத்துக்கும் இதே விதிதான்.

"முடியாதுன்னு எழுதிப் போட வேண்டியதுதானே?" என்றாள் கத்திரி.

டீச்சருக்கு அவள் வயதுதான் இருக்கும். சிரித்துவிட்டாள். "புதுசா வந்த இருபத்திரண்டு பேரையும் வெளிய அனுப்பச் சொல்றீங்களா? அதுங்க முன்னாடி எங்க இருந்துச்சுங்கன்னு எனக்குத் தெரியும். அம்மா ஷிப்டுக்குப் போகும்போது வெளிய பூட்டிட்டுப் போவாங்க. இங்க உட்கார்ந்தாவது தூங்குதுங்க."

அந்த முக்கால் என்ற எண் கத்திரியை உறுத்திக்கொண்டிருந்தது. எங்கோ பார்த்த முகம் பேருந்தில் எதிரே உட்கார்ந்து நம்மையே பார்ப்பது போல.

அலுவலகத்துக்கு வந்து பழைய கோப்புகளைத் திறந்தாள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, கிடைத்துவிட்டது. மூன்று வருடத்துக்கு முன்பு அறக்கட்டளை ஒரு சின்ன ஆய்வு நடத்தியது. பிள்ளைகளை விரிப்பில் உட்கார வைத்துக் கதை சொல்வதற்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதுதான் விஷயம். அதில் ஒரு வரி: 'கதை நேரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தைக்கு முக்கால் சதுர மீட்டர் போதுமானது.' அமைச்சருக்கு எதுவானாலும் ஒரே பக்கத்தில் போக வேண்டும் என்பது அறக்கட்டளை இயக்குநரின் கட்டளை. அன்றைக்குக் குறிப்பு ஒரு பக்கத்தைத் தாண்டி ஒரே ஒரு வரி வழிந்து நின்றது. அந்த வரியை உள்ளே இழுக்க மூன்று வார்த்தைகளை யாரோ வெட்டியிருந்தார்கள். கதை. நேரத்தில். உட்கார்ந்திருக்கும்.

வெட்டிய இடத்தில் சிவப்புக் கோடு. கோட்டின் ஓரத்தில் அவளுடைய முதலெழுத்துகள்.

அந்த நாள்கூட நினைவுக்கு வந்தது. பக்கம் கச்சிதமாக முடிந்ததும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, போய் ஒரு காபி குடித்துவிட்டு வந்தாள். நல்ல காபி.

இயக்குநரைப் பார்க்கப் போனபோது அவருடைய உதவியாளர் உதட்டில் விரலை வைத்தார். "சார் கண்ணை மூடி யோசிச்சிட்டிருக்கார். கொஞ்சம் உட்காருங்க."

சாப்பாட்டுக்குப் பிறகு சார் தினமும் யோசிப்பார், அலுவலகத்துக்கே தெரியும். கண்ணாடிக் கதவின் நடுவில் மறைப்புத் தாள் ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே சோபாவின் முனையும், முனையைத் தாண்டி நீண்டிருந்த இரண்டு சாம்பல் நிறக் காலுறைகளும் தெரிந்தன. கத்திரி முப்பத்தைந்து நிமிடம் அந்தக் காலுறைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிர்ச் சுவரில் ஒரு குழந்தை பல் தெரியச் சிரிக்கும் பெரிய படம் இருந்தது. மேசையில் வருகிறவர்களுக்காக வைத்த மிட்டாய்க் கிண்ணம். அவள் ஒன்றை எடுத்துப் பிரித்தாள். வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் உறையில் திரும்பச் சுற்றி அதே கிண்ணத்தில் போட்டாள். பிறகு அதைச் செய்த தன்னை நினைத்து அருவருத்து, மறுபடி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். இயக்குநரின் கன்னத்தில் தலையணை மடிப்பு இன்னும் அழியவில்லை. அவள் எல்லாவற்றையும் சொன்னாள், சிவப்புக் கோட்டையும் சேர்த்து. அவர் கோபப்படவில்லை. அவர் எப்போதுமே கோபப்பட்டதில்லை, அவரைப் பற்றி எல்லோரும் சொல்லும் நல்ல விஷயம் அது.

"எத்தனை பேருக்குத் தெரியும்?" என்றுதான் முதலில் கேட்டார்.

அவளுக்கு மட்டும்தான் என்று தெரிந்ததும் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். எண்ணைத் திரும்ப வாங்கினால் என்ன ஆகும் என்று பொறுமையாக விளக்கினார். இடங்களை இரட்டிப்பாக்கிக் காட்டியதால்தான் பதினோரு காப்பகங்களுக்கும் அமைச்சகத்துப் பணம் ஓடுகிறது. தவறு என்று சொன்ன மறுநாளே அது நிற்கும். அப்புறம் இருபத்திரண்டு பிள்ளைகள் இல்லை, நாற்பத்துநாலும் பூட்டிய வீட்டுக்குள்தான்.

"எண்ணுல தப்பே இல்லம்மா. உட்கார்ந்த பிள்ளைக்கு அது சரியான எண். தூக்கத்தை விதியிலிருந்து எடுத்துட்டா முடிஞ்சது. தூக்கம் வீட்டுல நடக்க வேண்டிய விஷயம், நம்ம இடம் கத்துக்கறதுக்கு." மேசைமேல் விரலால் தாளம் போட்டார். "அந்த நேரத்துக்கு ஒரு நல்ல பேரு குடுங்க. ஒரே வரி. உங்களுக்கா சொல்லித் தரணும்?"

கூடவே இன்னொன்றும் கேட்டார். களத்தின் குரல் வேண்டும் என்கிறதாம் அமைச்சகம். அந்த டீச்சரிடமே ஒப்புதல் கையெழுத்து வாங்கிவிட்டால் நல்லது, திங்கட்கிழமைக்குள்.

கத்திரி தன் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். எழுத மாட்டேன் என்று நினைத்துக்கொண்டேதான் உட்கார்ந்தாள். பத்து நிமிடத்தில் வரி வந்துவிட்டது: 'மதிய வேளையில் குழந்தைகள் அமைதியான விழிப்பு நேரத்தை அனுபவிப்பர்.' ஏழே வார்த்தை. படித்துப் பார்த்தாள். அழகாக இருந்தது. அச்செடுத்து மடித்துப் பையின் வெளியறையில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா மகனுக்கு மூன்றரை வயது. சித்தி வந்ததுகூடத் தெரியாமல் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். ஒரு கை தலைக்கு மேலே, ஒரு கை ஜன்னல் பக்கம், இரண்டு கால்களும் இரண்டு திசையில். கத்திரி தையல் பெட்டியிலிருந்து டேப்பை எடுத்து வந்து அவனை அளந்தாள். கை நுனியிலிருந்து குதிகால்வரை ஒரு மீட்டரும் இருபதும். குறுக்கே தொண்ணூற்றைந்து.

"என்னடி, சட்டை தைக்கப் போறியா? இல்ல பெட்டி செய்யப் போறியா?" என்று கேட்டுக்கொண்டே வந்த அக்கா, சொன்னது என்னவென்று உறைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பையன் புரண்டான். டேப் அவன் அடியில் மாட்டிக்கொண்டது. இவனுக்குக் கட்டில் முழுசும் வேணும், நானும் இவங்கப்பாவும் ரெண்டு ஓரத்துல வௌவால் மாதிரி தொங்கறோம் என்று அக்கா சொல்ல, கத்திரி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றதை அக்கா பார்த்துவிட்டாள். விடவில்லை. துருவித் துருவிக் கேட்டு எல்லாவற்றையும் வாங்கிவிட்டாள்.

"வெட்டினவ ஒட்ட வேண்டியதுதானே?"

"ஒட்டினா ஒரு பக்கத்தைத் தாண்டிடும்கா" என்றாள் கத்திரி. சொன்ன பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது.

அக்கா கொஞ்ச நேரம் தங்கையின் முகத்தைப் பார்த்தாள், தெரியாத வீட்டுக் கதவைத் தட்டிவிட்டவள் மாதிரி. பிறகு மகன் அடியிலிருந்த டேப்பை மெல்ல உருவிச் சுருட்டினாள்.

அன்று சாயங்காலம் கத்திரி அமைச்சகத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். மூன்று வார்த்தைகளும் அதில் இருந்தன. வெட்டியது யார் என்பதும் இருந்தது. ஒன்றரைப் பக்கம் வந்தது, அவள் சுருக்கவில்லை. மடித்துப் பையின் உள்ளறையில் வைத்தாள். வெளியறையில் விழிப்பு நேரத் தாள் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் அந்த மிட்டாய் உருகி ஒட்டிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை பன்னிரண்டே காலுக்குக் காப்பகத்தில் இருந்தாள். உள்ளே நுழையும்போதே புளித்த பால் வாடை வரவேற்றது. பிள்ளைகள் தட்டுகளைக் கழுவும் தொட்டிக்கு எடுத்துப் போய்க்கொண்டிருந்தன. டீச்சர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தாளை வாங்கினாள். உதடு அசைய நிதானமாகப் படித்தாள்.

"விழிப்பு நேரம்னா?"

"தூங்காத நேரம்."

"அனுபவிப்பர்." அந்த வார்த்தையை மட்டும் தனியாகச் சொல்லிப் பார்த்தாள். குரலில் கேலிகூட இல்லை.

கத்திரியின் கை பையின் உள்ளறை ஜிப்மேல் இருந்தது. "அந்த முக்கால் மீட்டர் என்னால வந்ததுதான் டீச்சர். அது உட்கார்ந்து கதை கேக்கற பிள்ளைக்கு. உட்கார்ந்துங்கற வார்த்தையை நான் வெட்டிட்டேன்."

டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள். கத்திரி திட்டு வாங்கத் தயாராக நின்றாள். வாங்கியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். டீச்சர் அதைக்கூடக் கொடுக்கவில்லை.

"இதுல கையெழுத்துப் போட்டா காப்பகத்தை மூட மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"போடலன்னா?"

"தெரியல. மூடலாம்."

கூடத்தில் பிள்ளைகள் யாரும் சொல்லாமலே தங்கள் விரிப்புகளை உருட்டி விரிக்கத் தொடங்கியிருந்தன. முதல் முறைக்காரர்கள் நடுவில், மற்றவர்கள் சுவரோரம். மஞ்சள் சட்டைச் சிறுமி இன்றும் முதல் முறையில்தான் போலிருந்தது. விரிப்பின் நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாகத் தட்டி நேராக்கினாள். படுத்துப் பார்த்தாள். யாரும் குச்சியால் தட்டுவதற்கு முன்பே முட்டியை மடக்கிக்கொண்டாள்.

டீச்சர் தாளைச் சுவரில் வைத்துப் பேனா மூடியைக் கழற்றினாள். கையெழுத்திடும் கோட்டின் மேல் முனையை வைத்தவள், எழுதாமல் அப்படியே திரும்பினாள்.

"போடறேன் மேடம். எனக்கு நாப்பத்திநாலும் உள்ள இருக்கணும். ஆனா ஒண்ணு மட்டும் நீங்க செஞ்சு குடுங்க. இன்னும் அஞ்சு நிமிஷத்துல எல்லாம் கண்ணை மூடிடும். அதுக்குள்ள உள்ள போய், இனிமே இங்க தூங்கக் கூடாதுன்னு உங்க வாயால இதுங்ககிட்டச் சொல்லிடுங்க. முதல்ல அந்த மஞ்சள் சட்டைகிட்டச் சொல்லுங்க."