ஒட்டடைக் கம்பு தட்டும் இடம்

எங்கள் கட்டடத்தில் சுவர்கள் பேருக்குத்தான். எந்த வீட்டில் யார் யாரோடு பேசவில்லை என்பதுகூடக் காதில் விழும். அதனால், தபால் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற மாடி வீட்டு அக்கா பியானோ கற்கத் தொடங்கியதும், நாங்களும் சேர்ந்தே கற்றோம்.

இசைப்பள்ளி ஆசிரியை அக்காவுக்குக் கொடுத்தது இரண்டே பக்கத்துக்கு ஓர் உருப்படி. முதலில் தூங்குகிறவரை எழுப்பாமல் நடப்பதுபோல ஒரு மெட்டு. நடுவில் இடது கை பியானோவின் கனத்த அடிக்கட்டைகளுக்கு இறங்கிப் புயலடிக்கும். பிறகு அதே மெட்டு திரும்பி வரும். இதெல்லாம் அக்கா சொல்லித்தான் தெரியும். எங்கள் காதுக்கு எட்டியது முதல் பாகம் மட்டுமே.

காரணம், அக்காவுக்கு நேர் கீழே இருக்கும் பல் டாக்டர். புயல் ஆரம்பித்ததும் அவருடைய நாற்காலியில் வாயைப் பிளந்து கிடப்பவர் துள்ளுவார். டாக்டர் ஒட்டடைக் கம்பை எடுத்து சீலிங்கில் தட்டுவார். வாழ்நாளெல்லாம் முத்திரை குத்திய கை உடனே நின்றுவிடும்.

"டாக்டர்கிட்ட அவ்வளவு பயமாக்கா?" என்று கேட்டேன்.

"பயம் என்னடி பயம்? யாரோ பாவம், வாய்க்குள்ள ஊசியோட இருக்காங்க."

மிச்சத்தைச் சாப்பாட்டு மேஜைமேல் வாசித்துப் பழகினார். டம்ளர்கள் குதித்ததை நானே பார்த்தேன். கதவு திறந்துதான் இருந்தது.

"பேசாம நடுவுல இருக்கறதை விட்டுட்டுக் கடைசிக்குப் போயிடுங்களேன்."

"போய்ப் பார்த்தேன்டி. சொன்னதையே திரும்பச் சொல்ற மாதிரி இருக்கு. நடுவுல அந்தக் கூச்சல் இருந்தாத்தான் அது எங்கேயோ போயிட்டுத் திரும்பி வந்த மாதிரி கேக்கும். இசைப்பள்ளி விழாவுல ஒரே ஒரு தடவை முழுசா வாசிச்சுடணும். அது போதும் எனக்கு."

விழாவில் வாசித்தவர்கள் எல்லோரும் பொடிசுகள். டாக்டரின் மகளும் வாசித்தாள். டாக்டர் போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்துப் பின்வரிசையை மறைத்தார். கடைசியாக அக்கா. முதல் பாகம் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. புயலில் காலை வைத்ததுமே இரண்டு கைகளும் அந்தரத்தில் நின்றுவிட்டன.

மறந்துவிட்டார் என்று சபை உச்சுக்கொட்டியது. மறதி இல்லை, பழக்கம். ஒட்டடைக் கம்பு தட்டும் இடம் அது. எங்கள் கட்டடத்துக்காரர்களுக்கு மட்டும் புரிந்தது. ஆசிரியை எழுந்திருக்கப் பார்த்தார். அதற்குள் டாக்டர் எழுந்துவிட்டார்.

"அக்கா, நான் இங்கதான் இருக்கேன்! கீழ யாருமில்ல! நீங்க வாசிங்க!"

சபை சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. இடது கை இறங்கியது. அங்கங்கே தப்புக் கட்டைகளும் விழுந்தன, அதனாலென்ன, புயல்தானே? பிறகு அந்த மெட்டு வந்தது, அழுது ஓய்ந்தவர் பேசுவதுபோல. அக்கா சொன்னது சரிதான், அது பழைய மெட்டே இல்லை. கடைசிக் கட்டையிலிருந்து விரலை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

அடுத்த வாரம் என் கடைவாய்ப் பல்லுக்காக டாக்டரிடம் போனேன். மாடியில் புயல் வெடித்தது. நான் துள்ளினேன். ஒட்டடைக் கம்பு மூலையில் சாய்ந்தபடியே இருந்தது.

"கொஞ்சம் பொறுத்துக்கோங்க," என்று டாக்டர் இடுக்கியைக் கீழே வைத்தார். "அந்த மெட்டு திரும்பி வரட்டும், பிடுங்கிடலாம்."

சொல்ல எனக்கு எவ்வளவோ இருந்தது. வாயில்தான் பஞ்சு.