பாடு கேட்ட முயல் கூண்டு

செவ்வந்தி வீட்டு முயல் கூண்டு ஏரியில் இறங்கி இறால் பிடித்தது ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. தோணிரேவு ஊரில் அன்றைக்கு வாடைக்காற்று லேசாக வீசியது. இறால் விலை முந்தின நாளைவிடக் கொஞ்சம் இறங்கியிருந்தது.

கூண்டு செய்யவேண்டி வந்ததற்குக் காரணம் நாய்கள். செவ்வந்தியின் மகள் பூவிழி ஆரம்பாக்கம் சந்தையிலிருந்து முதலில் கொண்டுவந்த முயல் ஜோடியை மீன் வைக்கும் தெர்மாகோல் பெட்டியில் வைத்திருந்தாள். காலையில் பெட்டி துகளாகக் கிடந்தது, முயல்களின் காதுகள் மட்டும் மிஞ்சியிருந்தன. இரண்டாவது ஜோடி வந்ததும் செவ்வந்தி படகுத் தச்சனான கொழுந்தன் தினகரனைக் கூப்பிட்டு, நாய் முட்டினாலும் புயல் அடித்தாலும் அசையாத ஒன்று வேண்டும் என்றாள். பலகைக்கு எங்கே போவது என்று அவன் கேட்டான். அவள் வீட்டுக்குப் பின்னால் கவிழ்ந்து கிடந்த மரப்படகைக் காட்டினாள்.

அது அவள் புருஷன் வரதனுடைய படகு. ஏரியில் வலை போட்டுக்கொண்டிருந்தவன்மேல் இடி விழுந்தது. படகு அன்றே கரைக்கு வந்தது, ஆள் மறுநாள் பிணமாக வந்தான். அடுத்த சீட்டுக் குலுக்கலில் வரதன் பெயரை எடுத்துவிட்டார்கள். அந்த ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. எந்தப் படகு எந்த நாளில் எந்த இடத்தில் நிற்கவேண்டும் என்பதைச் சீட்டு சொல்லும், அந்த முறைக்குப் பாடு என்று பெயர். கல்யாணமான ஆண் உள்ள வீட்டுக்குத்தான் பாடு. செவ்வந்தி ஊர்த்தலைவர் தனசேகரிடம் ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள். "சட்டம் இன்னா எனக்கு மாமனா மச்சானா, சொன்னாக் கேக்க?" என்றார் அவர். அதற்குப் பிறகு அவள் அவருடைய கொட்டகையிலேயே அடுத்தவர் பிடித்த இறாலுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். விரல் நுனிகள் வெந்துபோய் ரேகை அழிந்திருந்தது.

தினகரன் படகைப் பிரித்தான். பூவிழி போனில் வீடியோ பார்த்துப் பார்த்துச் சொல்ல, நான்கு தடித்த கால்கள் நட்டான். மழைநீர் வழிய மேலே சரிந்த கூரை, முன்பக்கம் கம்பிவலைக் கதவு, குட்டி போட உள்ளே இருட்டாக ஓர் அறை, நாய் மூக்கால் தள்ளினால் திறக்காத கொண்டி. பாம்பு அடியில் புகாதபடி நான்கு கால்களையும் சுற்றி வரதனின் பழைய இறால் வலையைப் பாவாடை மாதிரி கட்டினான். தரைப் பலகைகளுக்கு நடுவே விரல் நுழைகிற இடைவெளி விடவேண்டும், அப்போதுதான் மூத்திரம் கீழே இறங்கும் என்று பூவிழி பலமுறை சொல்லியிருந்தாள். விட்டான். ஆனால் பலகைக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தால் படகு கட்டிய கைக்குப் பொறுக்காது. சாப்பிட்டுவிட்டு வந்தவன் தன்னையறியாமல் பருத்தி நூலைத் தார் மாதிரியான கீலில் தோய்த்து எல்லா இடைவெளியையும் அடைத்துவிட்டான்.

"சித்தப்பா, இன்னா பண்ணிவெச்சிருக்க? ஒரு சொட்டுகூட இறங்காது!"

"இறங்காதுல்ல?" என்றான் தினகரன், பெருமையாக. பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

அதோடு விட்டிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது. வேலை முடிந்ததும் பழக்கத்தில், "அண்ணி, மஞ்சளும் சூடமும் எடுத்துனு வா" என்றது அவன் வாய். அவளும் பழக்கத்தில் எடுத்துவந்தாள். முன்பலகையில் மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, சூடம் காட்டி, தேங்காய் உடைத்த பிறகு மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தார்கள். தேங்காய் உடைத்த படகைத் தண்ணீர் தொடாமல் கரையில் வைப்பதில்லை என்பது அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். கூண்டுக்கு அது பொருந்தும் என்று யாரும் நினைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை விடிந்தபோது கூண்டு இல்லை. வீட்டுப் பின்புறத்திலிருந்து ஏரிவரை சேற்றில் நான்கு கால்களின் தடம் மாறி மாறிப் பதிந்திருந்தது. இழுத்துக்கொண்டு போன தடம் இல்லை, நடந்த தடம். தினகரன் படகை எடுத்துக்கொண்டு போனான். வரதன்மேல் இடி விழுந்த அதே இடத்தில், கால்கள் மட்டும் முழுகும் தண்ணீரில் கூண்டு நின்றுகொண்டிருந்தது. காலைச் சுற்றிய வலை இறாலால் புடைத்துப் போயிருந்தது. கம்பிக்குப் பின்னால் இரண்டு முயல்களும் நனையாமல் உட்கார்ந்து, முந்தின ராத்திரி பூவிழி உள்ளே போட்ட உமிரிக் கீரையை மென்றுகொண்டிருந்தன. அன்றைக்கு அந்த இடத்துப் பாடு தனசேகருடையது.

"என் பாட்டுல எவன்டா வலை போட்டது?" என்று கத்திக்கொண்டு வந்தார் தனசேகர்.

"யாரும் போடல மாமா. அதுவா வந்திருக்குது" என்றான் தினகரன்.

"அதுவா வர்றதுக்கு அதுக்கு இன்னா காலா இருக்குது?" என்றவர் குனிந்து பார்த்தார். கால் இருந்தது. படகிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அடுத்தவன் பாட்டில் இறங்கிய படகை உடைப்பது ஊர் வழக்கம். மதியம் கோயில் முன்னால் கூண்டை வைத்து ஊர் கூடியது. ஒருவன் கோடாலி கொண்டுவந்தான். செவ்வந்தி இறால் வாசம் வீசும் கையோடு குறுக்கே வந்து நின்றாள்.

"கூண்டுன்னா அது என் வூட்டுச் சாமான், எவனும் தொடக்கூடாது. படகுன்னா பாடு குடுங்க. எதுன்னு சொல்லிட்டு அப்புறம் கோடாலிய தூக்குங்க."

"ஆம்பள இல்லாத படகுக்கு ஏதும்மா பாடு?" என்றார் தனசேகர்.

"உள்ள ஒரு ஆம்பள இருக்கானே."

கூட்டம் சிரித்தது. "கல்யாணம் ஆயிருக்கணும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"பக்கத்துல குந்திக்கினு இருக்கறவ யாராம்? மாசமா வேற இருக்கறா, நல்லாப் பாரு."

கோடாலிக்காரன் பொறுக்காமல் ஓங்கினான். கூண்டு இரண்டடி பின்னால் நகர்ந்தது. சிரிப்பு அப்படியே நின்றது. கோடாலி அவன் கையிலிருந்து நழுவி அவன் காலருகே விழுந்தது, அவன் காலை இழுத்துக்கொள்ளக்கூட மறந்து நின்றான். கூண்டு மறுபடி இரண்டடி நடந்து வந்து செவ்வந்திக்குப் பக்கத்தில் நின்றது. மூன்று வருஷமாக யாரும் அவள் பக்கத்தில் அப்படி நின்றதில்லை. அவள் கூரையின்மேல் கையை வைத்தாள், எடுக்கவில்லை.

கடைசியில் தனசேகர்தான் எழுந்தார். கொண்டியைத் திறந்து, ஒரு முயலின் பிடரியைப் பிடித்துத் தூக்கி, பின்னங்கால்களுக்கு நடுவே பார்த்தார். "ஆம்பளதான்" என்றார். சட்டம் சட்டம்தான், முயலைப் பத்திரமாக உள்ளே விட்டுக் கொண்டியைப் போட்டார்.

அந்த வருஷச் சீட்டில் கூண்டுக்கும் ஒன்று எழுதினார்கள். தன் முறை வரும் நாளில் அது இருட்டோடு போய் வெயில் ஏறுமுன் திரும்பிவிடும். வலையை அவிழ்த்து இறாலைக் கொட்டுவது பூவிழி வேலை, விற்பது செவ்வந்தி வேலை. கொட்டகைக்கு அவள் பிறகு போகவில்லை, விரல்களில் ரேகை திரும்ப வந்துவிட்டது. மற்ற நாட்களில் அது வீட்டுப் பின்னால் சாதாரணக் கூண்டாக நிற்கும், நாய்கள் அந்தப் பக்கமே வருவதில்லை. வெளியூர் வியாபாரிகள் முதலில் பயந்தார்கள், இப்போது பேரம் பேசுகிறார்கள்.

பெண் முயல் போட்ட குட்டிகளில் இரண்டு ஆண். போன மாதம் இரண்டுக்கும் ஜோடி சேர்த்தாயிற்று. ஆளுக்கொரு பாடு கேட்கும் நாள் வருமுன் கூண்டு கட்டப் பழைய படகு ஏதாவது கிடைக்குமா என்று பார்க்கத் தினகரன் ஆரம்பாக்கம் போயிருக்கிறான்.