குட்செட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்

1.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. என் தலையில் கட்டப்பட்டது. எங்கள் வர்த்தகர் சங்கத்தின் ஆண்டு மலர் கண்டியில் என் அச்சகத்தில்தான் அச்சாகிறது. அதில் இரண்டு பக்கம் காலியாகக் கிடந்தது. சங்கச் செயலாளர் மயில்வாகனம் வந்து கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“ஆமியில இருந்து விலகி வேலையில்லாமல் இருக்கிற ஆக்களுக்கு எங்கடை கடைக்காரர் வேலை குடுக்கவேணும் எண்டு ஒண்டு எழுதித் தாரும்.”

“நீங்களா இதச் சொல்றீங்க?” என்று கேட்டேன். இராணுவம் புகுந்தபோது அவர் ஊரை விட்டு எந்த நிலையில் கண்டிக்கு வந்தார் என்பது எனக்குத் தெரியும்.

“ஓம், நான்தான். சண்டை முடிஞ்சு அஞ்சு வருசமாச்சு. அவங்களுக்கும் வயிறு இருக்குத்தானே. கட்டுரையா எழுதாதையும், ஒருதரும் வாசிக்கமாட்டினம். கதையா எழுதும்.”

2.

கையில் கிடைத்த ஒரு தாளின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினேன்.

முதல் தொடக்கம்: ‘தாய்நாட்டுக்காகத் தன் இளமையை அர்ப்பணித்த அந்த வீரர்...’

(பேனா இதற்குமேல் நகரவில்லை. இது மாலை போடும்போது மேடையில் சொல்வது. மாலை போட்டவர்கள் யாரும் வேலை போட்டுக்கொடுத்ததாக எனக்கு நினைவில்லை.)

இரண்டாவது: ‘கடை வைத்திருக்கும் பெருமக்களே, சற்றே சிந்திப்பீர்...’

(பெருமக்கள் இந்த இடத்தில் பக்கத்தைப் புரட்டித் தங்கள் விளம்பரம் எங்கே என்று தேடுவார்கள்.)

மூன்றாவது: ‘அன்னலட்சுமியின் சமையல்காரன் கட்டாருக்குப் போய்விட்டான்.’

இது பரவாயில்லை. இதில் ஒரு பெண்ணும் இருக்கிறாள், ஒரு தொல்லையும் இருக்கிறது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3.

அன்னலட்சுமியின் சைவக்கடை குட்செட் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்தது. சமையல்காரன் போன நாளிலிருந்து அவளே அடுப்படியிலும் அவளே கல்லாவிலும் நின்றாள். இரண்டும் கெட்டது. வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக அடுத்த கடைக்கு நழுவினார்கள். மாத முடிவுக்குள் ஆள் கிடைக்காவிட்டால் கடையை இழுத்து மூடவேண்டியதுதான்.

அப்போது வந்தவன்தான் அழகமுத்து. நாவலப்பிட்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரன். இருபத்திரண்டு வருடம் ஆமியில் சமையல். வயது நாற்பத்துமூன்று.

“ஆமிக்காரரா?” அன்னலட்சுமியின் முகம் சுருங்கியது. “எதுக்கெடுத்தாலும் அதட்டுவீங்களே.”

“நான் கரண்டி பிடிச்ச ஆமிங்கம்மா. தமிழ்க் கடையில ஆமிக்காரன்னு வேணாங்கறாங்க. ஆமியில இருந்தப்ப தமிழன்னுதான் கூப்பிட்டாங்க. நான் எங்கதான் போறது?”

“ஒரு நாளைக்குச் செஞ்சு பாருங்க” என்றாள். (வேலை தர மனமில்லாதவர்கள் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அன்னலட்சுமி நல்லவள். நான்தானே அவளைப் படைத்தேன்.)

4.

மறுநாள் விடியற்காலை அழகமுத்து கேட்ட முதல் கேள்வி: “இன்னிக்கு எத்தனை பேருக்குங்கம்மா?”

“அது யாருக்குத் தெரியும்? வர்றவங்களுக்குத்தான்.”

அவன் திகைத்துப்போனான். இருபத்திரண்டு வருடமாக, இத்தனை பேர் என்று ஒரு துண்டுத்தாள் வராமல் அவன் அடுப்பு மூட்டியதே கிடையாது. எண் தெரியாமல் அரிசியில் கைவைக்க அவனால் முடியவில்லை. அன்னலட்சுமி மரக்கறி வாங்க மார்க்கட்டுக்குப் போனதும் அவன் ரோட்டைக் கடந்து குட்செட்டுக்குப் போனான். அட்டன் பஸ் வரிசை, நாவலப்பிட்டி வரிசை, கம்பளை வரிசை என்று ஒருவர் விடாமல் எண்ணினான். இருநூற்றுப் பன்னிரண்டு. நிம்மதியாகத் திரும்பிவந்து, அத்தனை பேருக்கும் உலை வைத்தான்.

பத்து மணிக்கு வந்த அன்னலட்சுமி, நிறைந்து நின்ற அண்டாக்களைப் பார்த்துவிட்டு வெங்காய மூட்டையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வழக்கமாக அங்கே அறுபது பேர் சாப்பிட்டாலே பெரிய விஷயம்.

“இவ்வளவையும் யாருங்க திங்கிறது?”

“இருநூத்திப் பன்னண்டு பேரு நிக்கிறாங்கம்மா. நானே எண்ணிட்டு வந்தேன்.”

“நிக்கிறவங்கெல்லாம் சாப்பிட வருவாங்களா?”

“வரமாட்டாங்களா?” என்று அவன் உண்மையாகவே கேட்டான்.

ஒரு மணி வரை நாற்பத்தொரு பேர்தான் வந்தார்கள்.

5.

இந்த இடத்தில் நான் மாட்டிக்கொண்டேன். அழகமுத்துவை எப்படியாவது காப்பாற்றவேண்டும்.

முதல் முடிவு: அட்டன் போகும் வழியில் கினிகத்தேனையில் மண்சரிவு. பஸ்கள் ஓடவில்லை. பசித்த கூட்டம் முழுவதும் கடைக்குள் புகுகிறது. (அடித்துவிட்டேன். ஒருவனுக்கு வேலை கிடைக்க ஒரு மலை சரியவேண்டுமா? மண்சரிவை நம்பி எந்த முதலாளியும் ஆள் சேர்க்கமாட்டார்.)

இரண்டாம் முடிவு: அன்னலட்சுமி அவனை அனுப்பிவிடுகிறாள். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மழையில் நடந்து... (மழை வேண்டாம். அவனையும் அனுப்பவேண்டாம். எனக்கே அழுகை வருகிறது.)

மூன்றாம் முடிவு இது. அழகமுத்து வாசலில் நின்று வரிசைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, “சோறு கட்டுற லஞ்ச் சீட் இருக்குங்களாம்மா?” என்று கேட்டான்.

“எதுக்கு?”

“ஆமியில சென்ட்ரிக் காவலுக்கு நிக்கிறவன் எடத்தை விட்டுட்டுச் சாப்பிட வரமாட்டான்ம்மா. நாமதான் கொண்டுபோகணும். பஸ்ஸுக்கு நிக்கிறவனும் அப்படித்தானே.”

அண்டாவில் இருந்ததெல்லாம் பார்சலாகக் கட்டப்பட்டது. அவன் பெட்டி பெட்டியாகச் சுமந்துகொண்டு வரிசை வரிசையாகப் போனான். பஸ் யன்னல்களைத் தட்டினான். மூன்று மணிக்குத் திரும்பியபோது பத்தொன்பது பார்சல் மட்டுமே மிச்சம்.

அன்னலட்சுமி அந்தப் பத்தொன்பதையும், வியர்வையில் நின்ற அவனையும் பார்த்தாள். “நாளைக்கு இருநூறுக்கு மேல போடாதீங்க” என்றாள்.

நாளைக்கு! அவனுக்கு வேலை கிடைத்துவிட்டது. எழுதிய எனக்குத்தான் அவனைவிடச் சந்தோஷம்.

6.

மயில்வாகனம் படித்துவிட்டுக் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். என் அச்சகத்துக்கு நேர் எதிரேதான் அவருடைய இரும்புக்கடை.

“சோக்கா இருக்கு. என்ரை கடைக்கும் ஒரு ஆள் வேணும். இந்த ஆள் எங்கை இருக்கிறார்?”

கதை இங்கே முடிந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

அழகமுத்து என்று ஒருவர் இல்லை. நாவலப்பிட்டியில் லெட்சுமணன் என்று ஒருவர் இருக்கிறார். போன மாதம் என் அச்சகத்துக்கு வந்தார். ‘ஆள் தேவை’ என்று வாசலில் நானே தொங்கவிட்ட பலகையைப் பார்த்துத்தான் வந்தார். ஆமி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குள் ஏதோ பின்வாங்கியது. “ஆள் தேவைப்பட்டா சொல்லி அனுப்புறேன்” என்றேன். அவர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சரிங்க சேர்” என்று சொல்லி, விண்ணப்பத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அந்த விண்ணப்பத்தின் பின்பக்கத்தில்தான் மூன்று தொடக்கங்களையும் எழுதினேன்.

ஆமியில் அவர் என்ன வேலை பார்த்தார் என்று நான் கேட்கவே இல்லை. கரண்டியைப் பார்த்து யாரும் பயப்படமாட்டார்கள் என்பதால் நானாக அவரைச் சமையல்காரர் ஆக்கிக்கொண்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

7.

மயில்வாகனம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாளைத் திருப்பி, அதிலிருந்த தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தேன். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பிறகு, கேட்டிருக்கவேண்டிய கேள்வியைக் கேட்டேன். “ஆமியில என்ன வேலை பார்த்தீங்க?”

பதினொரு நிமிடம் சொன்னார். சமையல் இல்லை; அவருக்குத் தேத்தண்ணிகூட ஊற்றத் தெரியாதாம். மற்றதை இங்கே எழுதமாட்டேன். உங்கள் கடைக்கு வருபவரிடம் நீங்களே கேளுங்கள். ஒவ்வொருவரும் வேறு வேறு பதில் சொல்வார்கள்.

எனக்கும் ஆள் வேண்டும், எதிர்க் கடைக்காரருக்கும் ஆள் வேண்டும் என்று சொன்னேன். அவர் சிரித்தார்.

“திங்கக்கிழமை வாறேன் சேர். ரெண்டு எடத்தையும் பார்த்துட்டு, எனக்குப் பிடிச்ச எடத்துல சேர்றேன்.”

ஆகவே இந்தக் கதையின் முடிவு என்னிடம் இல்லை. உங்களிடமும் இல்லை. அது திங்கட்கிழமை காலை பஸ்ஸில் நாவலப்பிட்டியிலிருந்து வருகிறது. மயில்வாகனம் இப்போதே கடை வாசலைக் கழுவிக்கொண்டிருக்கிறார். நான் ‘ஆள் தேவை’ பலகையைத் துடைத்து மறுபடி மாட்டியிருக்கிறேன். இந்தமுறை அதில் எழுதியிருப்பது உண்மை.