முப்பத்தாறு பல் கட்டடம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையது. இந்த ஆண்டு, 1996-இல், எங்கள் நகரத்தின் பழம்பெருமைக் காப்புக் குழு வெளியிட்ட மலரில், பதினேழாம் பக்கத்தில், ஒரு கட்டுரையின் கடைசி வரியாக அது அச்சாகியிருக்கிறது. என்ன பொய் என்று இப்போதே சொன்னால், சாராளைப் பார்க்கும் முன்பே நீங்கள் என்னைப் பார்த்துவிடுவீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

ஒப்பணக்காரத் தெருவின் நெஞ்சில், காலத்தின் கம்பீரச் சாட்சியாக, கிரேக்கத் தூண்களோடு நிமிர்ந்து நிற்கும் வரதராஜுலு மாளிகை, அந்நாளைய

அடித்துவிட்டேன். மலருக்கு எழுதிய வாக்கியம். கூப்பிடாமலே இங்கேயும் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரப் பார்க்கிறது. தூண்கள் வெறும் செங்கல், மேலே சுண்ணாம்புப் பூச்சு. உச்சியில் இரண்டு சிங்கங்கள். கொத்தனார் ஆயுளில் சிங்கத்தைப் பார்த்ததில்லை என்பது அவற்றின் முகத்தில் தெரியும்.*

* மலரில் 'வீரச் சிங்கங்கள்' என்று எழுதினேன். நாய் மாதிரி இருக்கிறது என்று எழுதினால் யார் பொன்னாடை போர்த்துவார்கள்?

2

வரதராஜுலு மாளிகை என்ற பெயர் வாசல் வளைவில் பொறித்திருக்கிறது. அதை அண்ணாந்து படித்தவர்கள் குறைவு. டவுன் பஸ் கண்டக்டர்கள் "பல்லு போர்டெல்லாம் எறங்கு" என்றுதான் கத்துவார்கள். மாடியில் இருபத்திரண்டு வருடமாகப் பல்செட் கட்டிவந்தார் டாக்டர் சாராள். முகப்பின் நடு வளைவை மறைத்து எட்டடித் தகர போர்டு. ரோஜா நிற ஈறு, வெள்ளை வெளேரென்று பற்கள், முகமே இல்லாத சிரிப்பு.

போர்டு வந்த அன்று அவர் பற்களை எண்ணிப் பார்த்தார். முப்பத்தாறு.

"ஏனுங்க, மனுசனுக்கு எத்தன பல்லுன்னு தெரியாதா உங்களுக்கு?"

"எட்ட நின்னு பாக்கறவங்களுக்கு நெறைவா இருக்கட்டுமுங்க டாக்டர்" என்றார் பெயின்டர்.

சாராள் திட்டிவிட்டு மாட்டச் சொன்னார். பெயின்டர் சொன்னதுதான் சரியாகப் போயிற்று. பல்லடத்துக்காரர்களும் கோபிக்காரர்களும், வால்பாறையிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தவர்களும், எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களும்கூட, யாரிடமும் வழி கேட்காமல் மாடி ஏறினார்கள்.

(சாராளை நல்லவராக மட்டும் எழுதினால் கதை சப்பென்று போய்விடும். ஆகவே இதையும் சொல்கிறேன்: புதுப் பல்செட்டோடு முறுக்குக் கடித்தவர்களை அவர் திட்டுகிற திட்டு கீழே பாத்திரக் கடை வரைக்கும் கேட்கும்.)

3

இந்த இடத்தில் ஒரு வில்லன் வேண்டும். இருப்பவர் தம்பிதுரை மட்டும்தான். கட்டடத்தின் சொந்தக்காரர், ஒரு பொறியியல் கல்லூரியின் தாளாளர், காப்புக் குழுவின் தலைவர். மூன்று முறை வில்லனாக எழுதிப் பார்த்தேன். மூன்று முறையும் அவர் எழுந்து நின்று கும்பிட்டுவிட்டார். ஒரு கடுஞ்சொல்கூட வாயில் வராது. 'ங்க' போடாமல் அவர் பேசுவது போனில் 'ஹலோ' மட்டும்தான்.

மலர் அட்டைக்குக் கட்டடத்தைப் படம் எடுக்க வேண்டியிருந்தது. ஒரு சனிக்கிழமை அவரே மாடி ஏறி வந்தார்.

"டாக்டரம்மா, ஒரு ஒதவி கேக்கலாமுங்களா?"

"சொல்லுங்கண்ணா."

"நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும் போர்டக் கழட்டிக்கட்டுமுங்களா? போட்டோ எடுத்தவொடனே திங்கக்கெழம விடியறதுக்குள்ள மாட்டிப்போடலாமுங்க. நீங்க வேண்டாம்னா வேண்டாமுங்க."

வேண்டாம் என்றால் வேண்டாம் என்று ஒருவர் சொன்னபின் எங்கள் ஊரில் யார் வேண்டாம் என்று சொல்வார்கள்? சாராள் காபி வரவழைத்தார். போர்டை இறக்கும்போது ஈறு கீறாமலிருக்கப் பழைய போர்வை ஒன்றும் எடுத்துக் கொடுத்தார்.

4

திங்கட்கிழமை போர்டு வரவில்லை. செவ்வாய்க்கிழமை, கம்பி துருப்பிடித்துவிட்டது என்றார்கள். அடுத்த வாரம், சுவர் ஈரம் காயட்டும் என்றார்கள். அதற்குள் மலர் வெளிவந்துவிட்டது.

என் கட்டுரையின் கடைசி வரி இது: "இம்முகப்பில் இனி ஓர் ஆணியும் அறையலாகாது என்று இந்நகரம் தீர்மானித்திருக்கிறது."

நகரம் எதையும் தீர்மானிக்கவில்லை. நகரத்துக்குத் தெரியவே தெரியாது. பத்தி ஒரு கம்பீரத்தில் முடிய வேண்டும் என்பதற்காக நான் போட்ட வரி. தம்பிதுரை அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலில் மாட்டினார்.*

* ஆணி அறைந்துதான்.

"நானென்னங்க பண்றது டாக்டரம்மா? ஊரே தீர்மானம் போட்டுப்போட்டுதுங்களே. நான் மீறுனா நல்லாவா இருக்குமுங்க?"

5

அதற்குப் பிறகு நடந்ததைச் சாராளின் ஜன்னலிலிருந்துதான் பார்க்க வேண்டும்.

பஸ்ஸிலிருந்து இறங்குகிறார்கள். அண்ணாந்து பார்க்கிறார்கள். வளைவு தெரிகிறது, தூண் தெரிகிறது, சிங்கம் தெரிகிறது. பல்லைக் காணோம். இந்தப் பக்கம் நான்கு கடை போகிறார்கள், அந்தப் பக்கம் நான்கு கடை. பிறகு இளநீர் குடித்துவிட்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். முப்பது பேர் வந்த நாளில் ஐந்து பேர் வந்தார்கள். பல் ஒட்டித்தந்த உதவியாளர் ஜோஸை நிறுத்த வேண்டியதாயிற்று. இன்னும் இரண்டு மாதம் இப்படியே போனால் கதவைச் சாத்திவிடலாம் என்று சாராளுக்குத் தெரிந்துவிட்டது.

ஒரு நாள் பல்லடம் சென்னியப்பன் கீழே நின்றார். கோழிப் பண்ணைக்காரர். கீழ்வரிசைக்கு அளவு கொடுத்துப் போனவர். எதிர்ச்சாரியில் மூன்றாவது தடவையாக நடந்துகொண்டிருந்தார். சாராள் வெள்ளைக் கோட்டோடு பால்கனிக்கு ஓடினார்.

"ஏனுங்க! சென்னியப்பன்! இங்கீங்க, மேல!"

"அட டாக்டரம்மணி! பல்லைக் காணமுங்களே! உங்களுக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு நெனச்சுப்போட்டேனுங்க!"

"நான் இருக்கறனுங்க. பல்லுதான் செத்துப்போச்சு. மேல வாங்க!"

தெருவே சிரித்தது. சாயங்காலம் தம்பிதுரை வந்தார்.

"டாக்டரம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. பால்கனியில நின்னு கூவறது கட்டடத்துக்கு அழகுங்களா?"

"அப்ப அந்தச் சிங்கத்தக் கூப்பிடச் சொல்லுங்கண்ணா. சும்மாதான உக்காந்திருக்குது."

அவர் சிரித்தார். கும்பிட்டார். மறுநாள் பால்கனிக் கதவுக்குப் பூட்டு வந்தது.

6

முடிவுகள். கையில் மூன்று வைத்திருந்தேன்.

(அ) நோயாளிகள் ஒரு வேன் பிடித்து வந்து, பட்டப்பகலில் போர்டை மாட்டுகிறார்கள். கூட்டம் கைதட்டுகிறது. எங்கள் ஊரில் கூட்டம் கைதட்டும்தான். மறுபக்கம் ஜெயித்தாலும் தட்டும்.

(ஆ) சாராள் காந்திபுரத்துக்குப் போய், ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறை எடுத்து, அறுபது வயதில் முதலிலிருந்து

(இ) ஒரு மழைநாளில் இடப்பக்கச் சிங்கம் பெயர்ந்து, சரியாகத் தம்பிதுரையின் கார்மேல்

சிங்கத்துக்கு நியாயம் தெரியாது. விட்டுவிட்டேன்.

7

நடந்தது இதுதான். செவ்வாய்க்கிழமை காலை சாராள் என் வீட்டுக்கு வந்தார். வெள்ளிக்கிழமை காப்புக் குழு கூடுகிறது. தம்பிதுரை தவிர மற்ற உறுப்பினர்களை ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்திருக்கிறார். தீர்மானம் என்று ஒன்று இல்லவே இல்லை என்பது தெரிந்தால், போர்டை மாட்டச் சொல்வதாக அவர்கள் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு தாளை என் முன்னே வைத்தார். டைப் அடித்த மூன்று வரி. அந்த வாக்கியம் என் கற்பனை, நகரம் அப்படி எதுவும் தீர்மானிக்கவில்லை, வருந்துகிறேன். கீழே ஒரு கோடு, கோட்டுக்கு அடியில் என் பெயர்.

"உண்மையத்தானுங்க கேக்கறேன்" என்றார்.

என் மகள் லோகப்பிரியா காபி கொண்டுவந்தாள். இரண்டு வருடத்துக்கு முன் அவள் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியவர் சாராள்தான்.

"என்ன கண்ணு, பன்னண்டாவது முடிஞ்சுதா? எங்க சேரப் போற?"

"தம்பிதுரை மாமா காலேஜ்லங்க டாக்டர். கம்ப்யூட்டர் சயின்ஸ். மாமாவே அப்பாகிட்டச் சொல்லிட்டாருங்க, சீட்டு நமக்குத்தான்னு. திங்கக்கெழம லிஸ்ட் போடறாங்க."

சாராள் என்னைப் பார்க்கவில்லை. காபியை முழுதாகக் குடித்தார், ஆற அமர. லோகப்பிரியாவின் தாடையைப் பிடித்து, வாயைத் திறக்கச் சொல்லி, உள்ளே ஒருமுறை பார்த்தார்.

"நல்லா இருக்குது. ராத்திரியும் வெளக்கோணும், தெரியுதா?"

வாசல்வரைக்கும் போய் நின்று, என்னிடம் சொன்னார்: "வெள்ளிக்கெழம பத்து மணிக்குள்ள குடுத்தாப் போதுமுங்க. உங்களுக்கு வேண்டாம்னா வேண்டாமுங்க."

8

இன்று வியாழக்கிழமை. மூன்று வரிக்குக் கீழே ஒரு கையெழுத்துப் போட வேண்டிய ஆள், அதற்குப் பதில் இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன். எண் போட்டு, அடிக்குறிப்புப் போட்டு, சிங்கத்தைக் கிண்டல் செய்து. இந்தக் கதையை யாரும் குழுவின் முன் வைக்க முடியாது. கதைதானே என்று சிரித்துவிடுவார்கள். அது தெரிந்துதான் கதையாக எழுதினேன்.

முடிவை உங்களிடம் விட்டுவிடுகிறேன். கையெழுத்துப் போட்டான் என்று முடிக்கத்தான் உங்களுக்கு ஆசையாக இருக்கும். தாராளமாக முடியுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: முடித்துவிட்டு நீங்களே உள்ளே போய் லோகப்பிரியாவிடம் சொல்ல வேண்டும். பக்கத்து அறையில்தான் இருக்கிறாள். கல்லூரிக்குப் போட்டுக்கொள்ள எடுத்த சுடிதாருக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள்.