ரெண்டு பேர் படுக்கிற டெண்ட்

டெண்ட்டை ஈரத்தோட சுருட்டி வச்சா என்ன ஆகும்னு எங்க வீட்டுக்காரர் வருஷா வருஷம் சொல்லுவார். நான் காதுலயே போட்டுக்கிட்டதில்ல. பரண்லேருந்து பையை இறக்கிப் பிரிச்சப்பதான் தெரிஞ்சது. துணி பூரா கறுப்பு கறுப்பா பூஞ்சை. உள்பக்கத்துப் பூச்சு பிசின் மாதிரி கையில ஒட்டுச்சு. நாத்தம் வாசல் வரைக்கும் போச்சு. அத்தை மூக்கைப் பொத்திக்கிட்டு, இதுல நாய்கூடப் படுக்காதுன்னாங்க.

அத்தைன்னா என் மாமியார், அவரோட அம்மா. போன வருஷம் ஏரிக்கரையில மூணு பேரும் டெண்ட் போட்டுத் தங்கிட்டு, கொட்டுற மழையில திரும்பி வந்தோம். விடிஞ்சதும் மொட்டை மாடியில காய வச்சிடணும்னு சொல்லிட்டே படுத்தார். விடிஞ்சது, அவர் எழுந்திருக்கல. லிஃப்ட் மெக்கானிக் அவர். அவர் சரி பண்ணிக் குடுத்த லிஃப்ட்டெல்லாம் இன்னும் ஏறி இறங்கிட்டுதான் இருக்கு. டெண்ட் பையிலயே கெடந்துச்சு. அந்த நேரத்துல அது யாருக்கு ஞாபகம் வரும்?

மனசு விட்டு அழுதியான்னு கேக்கறாங்க. எனக்கு அது இன்னும் வரல. காலை மடக்கி ரொம்ப நேரம் உக்காந்தா மரத்துப் போகும் இல்ல, கிள்ளினா கிள்ளுறாங்கன்னு தெரியும், வலிக்காது. அப்படி இருக்கேன். நான் டிரைவிங் ஸ்கூல்ல கார் ஓட்டச் சொல்லிக் குடுக்கறவ. பக்கத்து சீட்டுல எனக்குன்னு தனியா ஒரு பிரேக் இருக்கும். முன்னெல்லாம் நான் வாயைத் திறந்தா எதிர்ல வர்ற லாரியே ஓரங்கட்டிடும்பாங்க. இப்ப கத்துறதே இல்ல. யாராவது தப்பா கியர் போட்டா நானே குனிஞ்சு மாத்தி விட்டுடறேன். கத்துக்க வர்ற ஒரு டீச்சரம்மா, நீங்க திட்டாம இருக்கறதுதான் மேடம் எனக்கு பயமா இருக்குன்னு சொல்லிட்டாங்க.

அத்தை டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆபரேட்டரா இருந்து ரிடையர் ஆனவங்க. அவங்க ரகசியம் பேசினா அடுத்த தெருவுக்குக் கேக்கும். என்னை வாத்தியாரேன்னு கூப்பிடுவாங்க. கிண்டலுக்கு ஆரம்பிச்சது, அதுவே என் பேர் ஆயிடுச்சு. எங்க ரெண்டு பேருக்கும் ஆகாதுன்னு இல்ல, ஆகும்னும் அடிச்சுச் சொல்ல முடியாது. நான் உப்பு கூடன்னா அவங்க குறைச்சல்ம்பாங்க. ஜன்னலை நான் திறந்தா அவங்க சாத்துவாங்க. அவர் நடுவுல நந்தி மாதிரி உக்காந்துக்கிட்டு ரெண்டு பக்கமும் தலையாட்டுவார். டெண்ட்டுக்குள்ளயும் அதே கதைதான். இந்தச் சுவரோரமா அத்தை, அந்தச் சுவரோரமா நான், நடுவுல அவர். கல்யாணமாகி முதல் தடவை போனப்பவே அத்தை பெட்டியோட வந்து வண்டியில ஏறிட்டாங்க. ஹனிமூனுக்கு மாமியாரைக் கூட்டிட்டுப் போனவ உலகத்துலயே நீ ஒருத்திதான்னு என் தங்கச்சி இன்னும் சொல்லிச் சிரிப்பா.

ஏரிக்கரையிலேருந்து கிளம்பறப்பவே அவர் அடுத்த வருஷத்துக்கும் இடம் சொல்லி வச்சிட்டு வந்துடுவார். அங்கேருந்து போன் வந்துச்சு, இந்தத் தடவை வர்றீங்களா, எத்தனை பேர்னு. அத்தைதான் எடுத்தாங்க. பழக்க தோஷம், அந்த எக்ஸ்சேஞ்சு மிடுக்கோட, வர்றோம், ரெண்டு பேர்னு சொல்லி வச்சிட்டாங்க. வச்சதுக்கு அப்புறம் போனையே பாத்துக்கிட்டு நின்னாங்க. ரெண்டு பேர்னு எங்க வீட்டுல யாரும் அதுவரைக்கும் வாய்விட்டுச் சொன்னதில்ல.

இதுல இன்னொரு விஷயம் இருக்கு. என் நாத்தனார் வேற ஊர்ல இருக்கா. அம்மாவை நான் கூட்டிட்டு வந்து வச்சுக்கறேன்னு ரூமெல்லாம் தயார் பண்ணிட்டா. வெள்ளையடிச்சு, ஜன்னலோரமா கட்டில் போட்டு, கையில எட்டற மாதிரி சுவிட்சு வச்சு. மகன் இல்லாத வீட்டுல மருமகளுக்கு எதுக்கு பாரமா இருக்கணும்னு நாலு பேர் கேக்கறாங்களாம். ஏரிக்கரைக்குப் போயிட்டு வந்ததும் அனுப்பி வச்சிடுங்க அண்ணின்னு என்கிட்டயே சொல்லிட்டா. அத்தை போறேன்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல. கிணத்துல போட்ட கல்லு மாதிரி இருந்தாங்க. நானும் கேக்கல. கேட்டு, ஆமா, போறேன்னு சொல்லிட்டாங்கன்னா என்ன பண்றது? அவங்களும் போயிட்டா அந்த வீட்டுல சத்தம்னு ஃப்ரிட்ஜ் மட்டும்தான். எனக்கு அவங்க வேணும். மரத்துப் போன காலுக்குள்ளயும் அது ஒண்ணு மட்டும் சுருக் சுருக்குனு குத்திட்டே இருந்துச்சு.

ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் டெண்ட் கடைக்குப் போனோம். கடைக்காரர் ஒல்லியா, காதுல பென்சிலைச் செருகிக்கிட்டு, பொண்ணு குடுக்கப் போறவர் மாதிரி எங்களை ஏற இறங்கப் பாத்தார். எங்க போறீங்க, காத்து எப்படி, தரை எப்படின்னு கேள்வி. நாலஞ்சு வருஷமாவது உழைக்கணும், வெயிலுக்கும் ஆகணும், மழைக்கும் ஆகணும்னு சொன்னேன். அந்தக் கடையில ஒரு வழக்கம் இருக்கு. படுத்துப் பாக்காம யாருக்கும் டெண்ட் விக்க மாட்டார். பின்கட்டுல சிமெண்டுத் தரை. வாங்கறவங்களே டெண்ட்டை நிறுத்தணும், செருப்பைக் கழட்டிட்டு உள்ள போய்ப் படுக்கணும். அவர் வெளியே நின்னு பூவாளியில தண்ணியை மேல ஊத்துவார். வீட்டுக்குப் போய் என்னைத் திட்டறதுக்கு இங்கயே திட்டிடுங்கம்பார்.

முதல்ல காட்டினது சுருட்டினா கைப்பைக்குள்ள போயிடும், அவ்வளவு லேசு. ஒரே ஒரு அடுக்குத் துணி. இதுக்குள்ள தும்மினா டெண்ட் கிழிஞ்சிடும் போலன்னாங்க அத்தை. படுத்தோம், தண்ணி ஊத்தினார். எனக்கு வலது தோள் நனைஞ்சது, அவங்களுக்கு இடது தோள். இடமும் பத்தலன்னு சொல்லிட்டு வெளியே வந்தோம்.

ரெண்டாவது நல்ல கெட்டித் துணி, யானை மிதிச்சாலும் தாங்கும். ஆனா வாசல் ஒரே பக்கம்தான். ராத்திரியில பாத்ரூம் போகணும்னா உன்னை மிதிச்சுட்டுத்தான் போகணும்னாங்க அத்தை. மிதிங்க, புதுசா என்னன்னேன். பல மாசத்துக்கு அப்புறம் அவங்க உதட்டோரத்துல ஒரு சிரிப்பு வந்து, வந்த வேகத்துல போயிடுச்சு. அதுலயும் தோள் நனைஞ்சது. அதுலயும் இடம் பத்தல.

மூணாவதை அவரே தோள்ல தூக்கிட்டு வந்தார். ரெண்டு பக்கமும் வாசல். கம்பியெல்லாம் அலுமினியம், வளைச்சு விட்டா சட்டுனு நிமிந்துடுது. தரைத் துணி ஒரு சாண் உயரத்துக்கு மேல ஏறி நிக்குது. வெயில் காலத்துல உள்வலையை மட்டும் கட்டிக்கலாம், மழைன்னா மேல இன்னொரு துணி, வெறும் நிழலுக்குன்னா மேல்துணியை மட்டும் கட்டிக்கலாம். அத்தை ஒவ்வொரு தையலையும் விரலால நீவிப் பாத்தாங்க. குறை சொல்ல ஒண்ணும் கிடைக்காம முகம் சுருங்கிடுச்சு. படுத்தோம். தண்ணி விழுந்துச்சு. கொஞ்ச நேரத்துல தோள்ல மறுபடியும் ஜில்லுனு.

எங்கேருந்துதான் வந்துச்சோ தெரியல, கத்திட்டேன். கசியற டெண்ட்டை வச்சுக்கிட்டு வாசல் ரெண்டு, கம்பி அலுமினியம்னு கதை விடறீங்களான்னு கேட்டேன். கடைக்காரர் முகத்துல எள்ளும் கொள்ளும் வெடிச்சது. பூவாளியை வச்சிட்டு முட்டி போட்டு, டார்ச் அடிச்சு மூலைக்கு மூலை பாத்தார். அப்புறம் டார்ச்சை எங்க மேல திருப்பினார்.

"டெண்ட் கசியலம்மா. நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு சுவர்ல ஒட்டிப் படுத்திருக்கீங்க. துணியை உள்ளேருந்து தோளால அழுத்தினா ஈரம் இறங்கத்தான் செய்யும். நடுவுல இன்னொரு ஆள் படுக்கலாமே."

திரும்பிப் பாத்தேன். எனக்கும் அத்தைக்கும் நடுவுல ஒரு ஆம்பளை அகலத்துக்குத் தரை காலியா கெடந்துச்சு. மூணு டெண்ட்லயும் இப்படித்தான் படுத்திருக்கோம். யாரும் சொல்லி வச்சுப் படுக்கல. நான் பாத்ததை அத்தையும் பாத்தாங்க. உடனே மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாங்க.

ஒருத்தர் படுக்கறதா ரெண்டு டெண்ட் தனித்தனியா குடுத்துடுங்கன்னாங்க அத்தை, படுத்தபடியே. கடைக்காரருக்கு குஷி. அதுவும் நல்ல யோசனைதான், ஒருத்தர் வராட்டியும் இன்னொருத்தர் தன்னோடதை எடுத்துட்டுப் போகலாம்னார். ஒருத்தர் வராட்டி. ஜன்னலோரக் கட்டில் கண்ணு முன்னாடி வந்துச்சு. என் கால் தன்னால நீண்டு டெண்ட்டுத் தரையை ஓங்கி மிதிச்சது. பத்து வருஷப் பழக்கம். அங்க பிரேக் ஏது?

"ரெண்டு தனியா வேணாம்"னேன். "நடுவுல வாங்க அத்தை."

"நான் வந்துட்டா அவன் எங்க படுப்பான்?"

அவங்க மெதுவா பேசி அன்னிக்குத்தான் கேட்டேன். கடைக்காரர் டார்ச்சை அணைச்சிட்டு எழுந்து கடைக்குள்ள போயிட்டார். தலைக்கு மேல துணியில மிச்சத் தண்ணி சொட்டுச் சொட்டா வழிஞ்சு இறங்கறது தெரிஞ்சது.

"நீங்களும் போயிட்டா என்னால முடியாது அத்தை."

நான் முழங்கையை ஊனி நடுவுக்கு நகந்தேன். அந்த இடத்துல முதுகை வைக்கறதுக்குக் கொஞ்சம் கூசுச்சு. வச்சேன். கொஞ்ச நேரம் கழிச்சு அந்தப் பக்கம் துணி சரசரத்துச்சு. புடவையை இழுத்து விட்டுக்கிட்டு, புஸ்ஸு புஸ்ஸுனு மூச்சு வாங்கிட்டு அத்தை நகந்து வந்தாங்க. அவங்க தோள் என் தோள்ல இடிச்சுது.

என் குறட்டை உனக்குத் தெரியாது, இத்தனை வருஷமா அவன்தான் மறிச்சுக்கிட்டு இருந்தான்னாங்க. இடிச்சு எழுப்பி விடறேன்னேன். நீ செய்வடின்னாங்க. அப்புறம் எக்ஸ்சேஞ்சு குரல் திரும்ப வந்துச்சு. கடைக்காரரே, தண்ணி ஊத்துங்கன்னு ஒரு சத்தம். அவர் ஓடி வந்து பூவாளி காலியாகற வரைக்கும் ஊத்தினார். ஒரு சொட்டு உள்ள வரல. நான் அழல. அத்தை அழுதாங்க. பாக்கல, தோள் குலுங்கினதுல தெரிஞ்சது. எழுந்திருக்க அவசரமில்லாம அப்படியே கெடந்தோம்.

கடைக்காரர் கடையிலயே காய வச்சு மறுநாள் அனுப்பறேன்னார். வேணாம், நாங்க பாத்துக்கறோம்னு ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சொன்னோம். ஈர டெண்ட்டை மடியில வச்சுக்கிட்டு அத்தை கார்ல உக்காந்து வந்தாங்க. புடவை நனையுதுன்னேன். உன் வேலை ரோட்டைப் பாக்கறதுன்னாங்க.

மொட்டை மாடியில அவர் கட்டின கயிறு அப்படியேதான் இருக்கு. ஆளுக்கொரு முனையைப் பிடிச்சு உதறினோம். உதறினது அத்தை மூஞ்சியில தெறிச்சு, அதுக்கு ஒரு பாட்டு வாங்கினேன். கயித்துல விரிச்சுப் போட்டு கிளிப் மாட்டினோம். நான் மாட்டினதையெல்லாம் அவங்க பின்னாலயே வந்து கழட்டித் திருப்பி மாட்டினாங்க. அப்படியா மாட்டுவாங்க, துணி மடங்கி ஈரம் நிக்கும்னு நான் கத்தினேன். பதிலுக்கு அவங்களும் கத்தினாங்க. அந்த நேரம் பாத்து நாத்தனார் போன் பண்ணினா. என்னிக்கு வண்டி அனுப்பட்டும்னு அவ கேக்கறது எனக்கே கேட்டுச்சு. நான் ஒரு கிளிப்பைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நின்னேன்.

அத்தை ஒரு கையால போனைக் காதுல வச்சு, இன்னொரு கையால டெண்ட்டோட ஓரத்தைத் தடவிப் பாத்தாங்க. அடுத்த தெருவுக்குக் கேக்கற குரல்ல சொன்னாங்க.

"நான் எப்படிம்மா வர்றது. இங்க டெண்ட் காயுது. இன்னிக்குக் காஞ்சிடும், அதுக்கில்ல. இனிமே ஒவ்வொரு தடவையும் யாராவது காய வைக்கணும் இல்ல? இவகிட்ட விட்டா ஈரத்தோடயே சுருட்டி வச்சிடுவா."