பந்தைப் பார்க்காத இருவர்

1987 நவம்பர் 20, வெள்ளிக்கிழமை மாலை, பென்சில்வேனியா மாநிலத்தின் ரஸ்கின் மில்ஸ் பள்ளி மைதானத்தில் நடந்த அமெரிக்க ஃபுட்பால் அரையிறுதியின் கடைசி நிமிடங்களில், ரஸ்கின் மில்ஸ் அணியின் தடுப்பாட்டக்காரன் ரூடி வுகெலிச், டோவர் ஃபெரி அணியில் பந்தை எறியும் குவார்ட்டர்பேக் லேன் மெக்கார்டிலின் முழங்காலில் மோதினான். அப்போது பந்து லேனின் கையில் இல்லை. நடுவர் எமெட் கில்கிறிஸ்ட் தவறைக் குறிக்கும் மஞ்சள் கொடியை வீசி, ரூடியை மைதானத்தை விட்டு வெளியேற்றினார். லேனை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். ரஸ்கின் மில்ஸ் 13–10 என்று வென்றது.

வெளியேற்றப்பட்டவன் அடுத்த ஆட்டத்தில் ஆடக் கூடாது என்பது விதி. அடுத்த ஆட்டம் இறுதிப் போட்டி. ரூடிக்கு அது பள்ளிக்கூடத்தின் கடைசி ஆட்டமும்கூட. மேல்முறையீடு செய்ய வழி இருந்தது. திங்கட்கிழமை மாவட்ட விளையாட்டுக் குழு கூடும். வேண்டுமென்றே அடிக்கவில்லை என்று அங்கே காட்டியாக வேண்டும்.

காட்டுவதுதான் சிரமமாக இருந்தது. மைதானத்தில் மூவாயிரம் பேர் இருந்தார்கள். லேன் எறிந்தது நெடுந்தூரப் பந்து. விளக்கு வெளிச்சத்தைத் தாண்டி இருட்டுக்குள் ஏறி மறுபடி வெளிச்சத்துக்குள் இறங்கியது. மூவாயிரம் தலைகளும் அதோடு திரும்பின. இலக்குக் கோட்டுக்கு இரண்டடி முன்னால் பிடிக்க வந்தவனின் விரல் நுனியில் பட்டு அது கீழே விழுந்தது. அதற்குப் பிறகுதான் பின்னால் ஓர் அலறல் கேட்டு எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். லேன் புரண்டுகொண்டிருந்தான். ரூடி அவன் கால்மாட்டில் மண்டியிட்டிருந்தான். மறுநாள் காலைக்குள் மூவாயிரம் பேரும் மோதலை நேரில் பார்த்த சாட்சிகளாகிவிட்டார்கள்.

ஆற்றுக்கு அக்கரையில் டோவர் ஃபெரியில் அதை அழுகுணி ஆட்டம் என்றார்கள். இக்கரையில் சொன்னது அதைவிட மோசம். சனிக்கிழமை மதியம் குரோஷியர் கிளப்பில் பீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் அதை ஒரு வீரச்செயலாகக் கொண்டாடினார்கள்.

"நம்ம பய விட்டான் பாரு ஒண்ணு! அந்த மெக்கார்டில் பையன் இனிமே ஆத்தைத் தாண்டி வருவான்ற?"

"வேணும்னேதான் அடிச்சான். அடிக்கட்டுமே! போன வருஷம் நம்மள்ல எத்தனை பேரை நொண்ட விட்டானுங்க?"

ரூடியின் தந்தை ஆண்டன் நிலக்கரி சுடும் கோக் ஆலையில் மதிய ஷிப்டுக்குப் போகும் வழியில் சிகரெட் வாங்க உள்ளே நுழைந்திருந்தார்.

"ஆண்டன், வா வா! பெத்தா இப்படிப் புள்ளை பெக்கணும். உனக்கு இன்னைக்குக் காசு கிடையாது."

"எங்க நின்னுக்கிட்டுப் பார்த்த, ஜிம்?" என்று கேட்டார் ஆண்டன்.

"தெக்கு கேலரில. தெளிவாத் தெரிஞ்சுது."

"பந்து எங்க விழுந்துச்சு?"

"கோட்டுக்கு இந்தப் பக்கம். இந்தா, இவ்ளோ தூரம்" என்று ஜிம் மேசைமேல் கைகளை அகட்டிக் காட்டினான்.

"அப்ப எம் பையனை எந்தக் கண்ணால பார்த்த?"

 ஆண்டன் சிகரெட்டுக்குக் காசு வைத்துவிட்டு வெளியேறினார். ஆனால் பேச்சு நிற்கவில்லை. அன்று மாலையே அது பாலத்தைத் தாண்டிவிட்டது. ரஸ்கின் மில்ஸ்காரர்களே ஒப்புக்கொள்கிறார்கள், சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்று டோவர் ஃபெரியில் பேசிக்கொண்டார்கள். ரூடிக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்ததில் எதிரூரைவிடச் சொந்த ஊருக்குப் பங்கு அதிகம்.

பயிற்சியாளர் வால்ட் ப்ரோஸ்கா வீடியோ நாடாவைப் போட்டுப் பார்த்தார். பத்திரிகையாளர் கூண்டின் கூரையில் நின்று படம் எடுத்தவர் ஓர் அறிவியல் ஆசிரியர். பந்தை விட்டுவிடாதீர்கள், பந்தோடு போங்கள் என்று ப்ரோஸ்கா அந்தப் பருவம் முழுக்க அவரிடம் கத்தியிருந்தார். வெள்ளிக்கிழமை அவர் பந்தை விடவே இல்லை. லேனின் கையைவிட்டுக் கிளம்பியதிலிருந்து புல்லில் விழுந்தது வரை துல்லியமாக எடுத்திருந்தார். மோதல் அதில் இல்லை. டோவர் ஃபெரிக்காரர்களின் நாடாவும் அப்படித்தான் இருந்தது.

"ரெண்டு ஊருலயும் கெட்டிக்கார கேமராக்காரனுங்க" என்றார் ப்ரோஸ்கா. "என்னத்தச் சொல்ல!"

வீட்டில் ரூடி யாரோடும் பேசவில்லை. ஞாயிறு காலை, பூசைக்குக் கிளம்பும் முன், ஆண்டன் அவனைச் சமையலறை மேசையில் உட்காரவைத்தார்.

"ஒரு தடவைதான் கேப்பேன். வேணும்னே அடிச்சியா?"

"இல்லப்பா. பந்து போனதைப் பார்த்தேன். நின்னுட்டேன். பின்னாடியிருந்து ஏதோ தள்ளிச்சு."

"ஏதோன்னா?"

"தெரியலப்பா. திரும்பிப் பார்க்க எங்க நேரம்?"

ஆண்டன் தாடையைத் தேய்த்தார். "நான் நம்புறேன். ஆனா நானும் பந்தைத்தான் பார்த்தேன்."

அடுப்பருகே நின்றிருந்த தாய் டோலோரெஸ், அவர்கள் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "எழுபத்திரெண்டாம் நம்பர். லேனுக்குக் காவலா நிக்கிற வரிசைல இடது கடைசில நிக்கிறானே, அந்தப் பெரிய பையன். ரெண்டு கையாலயும் இவன் முதுகுல தள்ளினான்."

ஆண்டன் அவளையே பார்த்தார். "ரெண்டு நாளா இதை ஏன் சொல்லல?"

"யாரு கேட்டீங்க? வந்தவன் போனவன்லாம் பார்த்தேன் பார்த்தேன்னு கத்திக்கிட்டிருந்தீங்க. அதுவும் போக, நான் அம்மா. நான் சொன்னா குழு கேக்குமா?"

"அது சரி. நீ மட்டும் எப்படி அங்க பார்த்துக்கிட்டிருந்த?"

"நான் எப்பப் பந்தைப் பார்த்திருக்கேன்? இவன் கீழ விழுந்தா எழுந்திருக்கிற வரைக்கும் இவனைத்தானே பார்ப்பேன்."

பத்தொன்பது வருடத் திருமண வாழ்வில் ஆண்டனுக்கு இது புதுச் செய்தி. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பக்கத்தில் உட்கார்ந்து கத்திய மனைவி ஓர் ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை.

டோலோரெஸுக்கு இன்னொன்றும் தெரிந்திருந்தது. அதை அவள் வீட்டில் சொல்லவில்லை. எதிர்க் கேலரியில், கீழ் வரிசையில், பச்சைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். பந்து பறக்கும்போதெல்லாம் அந்தக் கேலரியே கோதுமை வயல் மாதிரி ஒரு பக்கமாகச் சாயும். அந்தப் பச்சைக் கோட்டு மட்டும் அசையாது. போன வருடமே டோலோரெஸ் அதைக் கவனித்திருந்தாள். யார் என்று விசாரிக்கத் தேவை இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை லேன் விழுந்ததும் முதலில் வேலியைத் தாண்டி ஓடியவள் அவள்தான்.

பூசை முடிந்ததும் டோலோரெஸ் காரை எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டினாள். மருத்துவமனையின் இரண்டாம் மாடி நடையில் லேனின் தாய் நோரீன் மெக்கார்டில் தனியாக உட்கார்ந்திருந்தாள். காகிதக் கோப்பையில் காப்பி ஆறிப்போயிருந்தது.

"நான் டோலோரெஸ் வுகெலிச்."

"தெரியும்." நோரீன் எழுந்திருக்கவில்லை. "மன்னிப்புக் கேக்க வந்தீங்கன்னா உங்க பையனை அனுப்பியிருக்கலாம்."

"நேத்தே வந்தான். கீழேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிட்டாங்க. லேனுக்கு எப்படி இருக்கு?"

"புதன்கிழமை ஆபரேஷன். தசைநார் கிழிஞ்சிருக்கு. நடப்பான்னு சொல்றாங்க. ஆடுவானான்னு கேட்டா வேற பேச்சு பேசறாங்க."

டோலோரெஸ் பக்கத்து நாற்காலியில் உட்காரவில்லை. சுவரோரமாக நின்றாள்.

"என் வாயில வேற எதுவும் வரல. நடந்ததுக்கு வருத்தப்படறேன். அதைச் சொல்லிட்டேன். இன்னொண்ணு கேக்கணும். நீங்க பார்த்தீங்க இல்ல?"

"எதை?"

"நீங்களும் பந்தைப் பார்க்க மாட்டீங்க. எனக்குத் தெரியும்."

நோரீன் நிமிர்ந்து அவளை முதல் முறையாகச் சரியாகப் பார்த்தாள். நடையில் யாரோ ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். 

"அந்த எழுபத்திரெண்டு, டேல் ஹூபர், எங்க பக்கத்து வீட்டுப் பையன்" என்றாள் நோரீன் கடைசியில். "நாலு வயசுலேர்ந்து எங்க வீட்டுலதான் சாப்பாடு. ரெண்டு நாளா லேன் ரூம்லயே கிடக்கான். அழுதுக்கிட்டே இருக்கான். எதுக்கு அழறான்னு ஊர்ல யாருக்கும் தெரியாது. நான் வாயைத் திறந்தா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? நான் இந்த ஊர்ல இருக்க வேணாமா?"

"யோசிச்சேன். யோசிச்சுட்டுத்தான் வந்தேன்."

"வந்துட்டீங்க இல்ல? கிளம்புங்க."

டோலோரெஸ் கிளம்பினாள். வீட்டில் யாரிடமும் எங்கே போனாள் என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்கு, இரண்டு ஊருக்கும் பொதுவாக மூன்றாவது ஊர்ப் பள்ளியின் நூலகத்தில் குழு கூடியது. ஐந்து பேர் நீள மேசையில் உட்கார்ந்தார்கள். ஊர்க்காரர்கள் புத்தக அலமாரிகளுக்கு இடையில் இரு பக்கமாகப் பிரிந்து நின்றார்கள். ரூடி சட்டைக் கழுத்துப் பட்டையை இறுக்கிக்கொண்டு முன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

நடுவர் கில்கிறிஸ்ட் முதலில் பேசினார். இருபது வருட நடுவர். பேச்சில் சுற்றி வளைப்பு கிடையாது.

"நான் எறியறவனுக்கு வலப்பக்கம், பின்னாடி நின்னேன். அங்கதான் நிக்கணும். பந்து போயிடுச்சு. ஒரு கணம் கழிச்சு இந்தப் பையனோட தலைக்கவசம் முழங்கால்ல மோதினதைப் பார்த்தேன். பந்து போன பிறகு, முழங்காலுக்கு. எந்த நாளும் அதுக்குக் கொடி வீசுவேன்."

"வுகெலிச் எப்படி வந்தான்னு தெரிஞ்சுதா?" என்று கேட்டார் குழுத் தலைவர்.

"லேன் நடுவுல நின்னான். இந்தப் பையன் வந்த பக்கம் எனக்கு மறைச்சுது."

ரூடி தான் தந்தையிடம் சொன்னதையே சொன்னான். டோவர் ஃபெரி பக்கமிருந்து ஒரு குரல்: "பேய் தள்ளிச்சாக்கும்!" சிரிப்பு எழுந்தது. ரஸ்கின் மில்ஸ் பக்கமிருந்து பதிலுக்கு ஒருவன்: "உங்க ஊர்ப் பேய்தான்டா!" தலைவர் மேசையைத் தட்டினார். கிளப்பில் நடந்த பேச்சை டோவர் ஃபெரிப் பயிற்சியாளர் எடுத்துச் சொன்னார். வேண்டுமென்றே அடித்தான் என்று அவர்கள் ஊரிலேயே பெருமையடித்துக்கொள்கிறார்கள் என்றார். ஜிம் அலமாரிக்குப் பின்னால் நகர்ந்துகொண்டான்.

"வேற யாராவது?" என்றார் தலைவர், கேட்டுவிட்டு எழுந்துபோகிற தோரணையில்.

"நான் பேசறேன்."

பச்சைக் கோட்டு. நோரீன் மெக்கார்டில் டோவர் ஃபெரி கூட்டத்தின் நடுவிலிருந்து முன்னால் வந்தாள்.

"நோரீன், நீ களைச்சுப் போயிருக்க. உட்காரும்மா" என்றார் அவர்கள் பயிற்சியாளர்.

"மூணு நாளா உட்கார்ந்துதான் இருந்தேன்." அவள் குழுவைப் பார்த்தாள். "அந்தப் பையன் நின்னுட்டான். பந்து போனதும் கையைக் கீழ போட்டுட்டான். பின்னாடியிருந்து எங்க அணிப் பையன் ஒருத்தன் ரெண்டு கையாலயும் தள்ளினான். தோள்பட்டைக்கு நடுவுல. அவன் குப்புற வந்து லேன் கால்ல விழுந்தான்."

நூலகத்தில் சத்தம் கூரைக்குப் போனது. "யாரு பக்கம் பேசற?" என்று அவள் ஊர்க்காரர் ஒருவர் கத்தினார்.

"எம் பையன் பக்கம்" என்றாள் நோரீன், திரும்பிப் பார்க்காமல். "அவன் காலைப் பத்தித்தானே இங்க எல்லாரும் பேசறீங்க? பொய் சொன்னா அது ஆறிடுமா?"

தலைவர் சந்தேகமாகக் கேட்டார். "அம்மா, எல்லாரும் பந்தைப் பார்த்துக்கிட்டிருந்த நேரம். உங்களுக்கு மட்டும் எப்படி..."

"மூணு வருஷமா அவன் எறிஞ்ச பந்து ஒண்ணுகூட எங்க போய் விழுந்துச்சுன்னு எனக்குத் தெரியாது சார். சாப்பாட்டு மேசைல அவனேதான் சொல்லுவான்."

கில்கிறிஸ்ட் அவளை உற்றுப் பார்த்தார். "எத்தனாம் நம்பர் தள்ளினது?"

நோரீன் வாயைத் திறப்பதற்குள் பின் வரிசையில் ஒரு நாற்காலி சாய்ந்தது. டேல் ஹூபர் எழுந்து நின்றான். நூலகக் கதவு உயரம் இருந்தான்.

"நான்தான். எழுபத்திரெண்டு." குரல் கீச்சென்று வந்தது. "அவன் என்னைத் தாண்டிட்டான். தாண்டிட்டா பின்னாடியிருந்து தள்ளு, வந்த வேகத்துலயே லேனைக் கடந்து போயிடுவான்னுதான் கோச் சொல்லிக் குடுத்திருக்காரு. எப்பவும் போயிடுவானுங்க. இவன் நின்னுட்டான். நிப்பான்னு நான் நினைக்கல. பந்து போனதையும் நான் பார்க்கல."

 ஃபுட்பால் தெரிந்த எல்லாருக்கும் அந்த உத்தி தெரியும். இரண்டு ஊரிலும் அதையே சொல்லிக் கொடுக்கிறார்கள். ஓடி வருகிறவனை அவன் வேகத்திலேயே தள்ளிவிட்டால் எறிபவனைத் தாண்டி ஓடிவிடுவான். நேர்மையாக நின்றுவிட்டவனைத் தள்ளினால் என்ன ஆகும் என்று அதுவரை யாரும் யோசித்ததில்லை.

நோரீன் பின் வரிசைக்குப் போய் டேலின் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். அவன் பக்கத்திலேயே தானும் உட்கார்ந்தாள். அந்த வரிசையில் இருந்த இரண்டு பேர் எழுந்து வேறு இடம் போனார்கள். மற்றவர்கள் போகவில்லை.

ரஸ்கின் மில்ஸ் பக்கம் யாரோ கைதட்டத் தொடங்கினார்கள். ஆண்டன் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். கைதட்டல் நின்றது.

"நான் பார்த்தது பார்த்ததுதான்" என்றார் கில்கிறிஸ்ட். "கொடியை வாபஸ் வாங்க மாட்டேன். முழங்கால்ல மோதினான். ஆனா அழுகுணி ஆட்டம்னு இனி சொல்ல மாட்டேன். வெளியேத்தினது தப்பு. அது என் தப்பு."

இருபது வருடத்தில் ஒரு நடுவர் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை என்று ப்ரோஸ்கா பிறகு சொன்னார். டோலோரெஸ் அறையின் அந்தக் கோடியில் இருந்த பச்சைக் கோட்டைப் பார்த்து ஒரு முறை தலையசைத்தாள். நோரீனும் அசைத்தாள். அன்று இருவருக்குள்ளும் வேறு பேச்சு நடக்கவில்லை. மகன் தலை நிமிர்ந்து நடந்து வருவதை டோலோரெஸ் வாசல் வரை பார்த்துக்கொண்டே போனாள். ஊரே அவனைத் தோளில் தட்டியது. அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு டேல் ஹூபரிடம் போய், "நாளைக்கு லேனைப் பார்க்க வர்றேன். கீழ நிக்கிறவன்கிட்ட சொல்லி வைடா" என்றான். டேல் சரி என்றான்.

குழு நான்குக்கு ஒன்று என்ற வாக்கில் ரூடியின் மீதான தடையை நீக்கியது. அந்தக் கொடிக்கு விதித்த பதினைந்து கெஜ அபராதம் ஆட்டக் குறிப்பில் அப்படியே இருக்கும் என்றும் முடிவு செய்தது. லேன் மெக்கார்டிலுக்குப் புதன்கிழமை அறுவைச் சிகிச்சை நடந்தது. சனிக்கிழமை நடந்த இறுதிப் போட்டியில் ரூடி வுகெலிச் முழு நேரமும் ஆடினான். ரஸ்கின் மில்ஸ் 7–20 என்று தோற்றது.