நடுவில் ஒரு கூடை

கோமளம் தன் கணவர் ராமானுஜத்தோடு பேசிப் பதினோரு நாளாகியிருந்தது. ராஜா அண்ணாமலைபுரத்து வீட்டில் அது ஒன்றும் பெரிய சிரமமில்லை. அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "காப்பி வந்தா தேவலை" என்பார். அவள் குக்கரைப் பார்த்து, "டபரா மேஜை மேலதான் இருக்கு, கண்ணு இருக்கறவாளுக்குத் தெரியும்" என்பாள். கடிகாரமும் குக்கரும் எதிர்த்துப் பேசாததால் சண்டை வளரவில்லை. குறையவுமில்லை.

விஷயம் இதுதான். டில்லியில் பெண் ஹம்சாவுக்குத் தலைப்பிரசவம். பிரயாணமே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் அவளால் தாய்வீட்டுக்கு வர முடியவில்லை; சரி, தாய்வீடே ரயிலேறிப் போகட்டும் என்று ஏற்பாடாயிற்று. மூன்று மாதமாவது கூட இருந்து, குழந்தைக்குத் தலை நின்ற பிறகுதான் திரும்புவது என்று கோமளம் மனசுக்குள் முடிவு கட்டி, பிரசவ லேகியம் கிளறிக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் ராமானுஜம் ரிசர்வேஷன் கவுண்டரிலிருந்து வந்தார். கையில் போகிற டிக்கெட். அதோடு திரும்புகிற டிக்கெட்டும். இருபதாம் நாளுக்கு. இரண்டு பேருக்கும்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டேளா?" என்றாள் கோமளம்.

"இதுல உன்னை என்ன கேக்கறது?" என்றார் அவர், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

"சரி. என்னைக் கேக்கணும்னு உங்களுக்கு என்னிக்குத் தோணறதோ, அன்னிக்குப் பேசிக்கலாம்."

அவ்வளவுதான். லேகியத்தை இறக்கினாள், வாயையும் மூடிக்கொண்டாள்.

ஆனால் ரயில் என்பது வீடு மாதிரி இல்லையே. போகிற டிக்கெட் ஆர்.ஏ.சி. ஜன்னலோரம் நீளவாக்கில் இருக்கிற ஒரே கீழ்ப் படுக்கையில் இரண்டு பேர் உட்கார்ந்து போக வேண்டும். வேறெங்காவது படுக்கை காலியானால் ஒருத்தர் அங்கே போகலாம், மற்றவர் இங்கே காலை நீட்டலாம். அதுவரைக்கும் எதிரும் புதிருமாக, முகத்துக்கு முகம். பேசாத இரண்டு பேருக்கு இதைவிடப் பெரிய தண்டனையை யாராலும் கொடுக்க முடியாது. கோமளம் சாப்பாட்டு ஒயர் கூடையைத் தூக்கி நட்டநடுவில் வைத்தாள். சென்ட்ரலில் வண்டி கிளம்பும்போது கூடைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அவள். ராத்திரி முழுக்க அப்படியே.

விடிந்து, வாரங்கல் தாண்டிய பிறகு ராமானுஜம் உட்கார்ந்தபடியே அயர்ந்துவிட்டார். அறுபத்தாறு வயசுக் கால், பாவம், தானாக நீண்டு கூடையைச் சுற்றிக்கொண்டு வந்து கோமளத்தின் புடவையைத் தொட்டது.

"யோவ் ஐயா! காலை இஸ்துக்கோங்க!"

நடைபாதைக்கு அந்தப் பக்கத்துக் கீழ்ப் படுக்கையில் இருந்த அம்மாள்தான். தி. நகர் பாண்டி பஜாரில் லேஸ், ஜரிகைக் கடை வைத்திருக்கும் அப்துல் கஃபாரின் மனைவி அஃப்சருன்னிசா. டில்லிக்குச் சரக்கெடுக்கப் போகிறார்கள். மேல் படுக்கையிலிருந்து தெரிந்த இரண்டு பாதங்கள் அப்துல் கஃபாருடையவை.

"அந்தம்மா நைட்டெல்லாம் குந்திக்கினே கீறாங்க. நீங்க இன்னாடான்னா சொந்த ஊடு மாதிரி காலை நீட்டறீங்க. பொம்பளைங்க கூட சீட்டு குடுத்தா கொஞ்சம் அடக்க ஒடுக்கமா வர வாணாம்?"

ராமானுஜம் திடுக்கிட்டு எழுந்து, காலை இழுத்துக்கொண்டு, "மன்னிக்கணும்" என்றார். யாரைப் பார்த்துச் சொல்வது என்று தெரியாமல் கூடையைப் பார்த்துச் சொன்னார்.

கோமளம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பை அடக்க வேறு வழியில்லை.

சற்று நேரத்தில் அவள் கூடையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து, டப்பா மூடியில் வைத்து, அந்தப் பக்கமாகத் தள்ளினாள். அவர் விழுங்கினார்.

"அட, நீங்க டாக்டரா மாமி?" என்றாள் அஃப்சருன்னிசா.

"இல்லையே."

"பின்ன அவருக்கு இன்னா மாத்திரைன்னு எப்படித் தெரியும்?"

"முப்பத்து நாலு வருஷமாத் தெரியும்."

அஃப்சருன்னிசா வாயில் கையை வைத்தாள். "யா அல்லா! உங்க ஊட்டுக்காரரா? நான் அந்த வாங்கு வாங்கினேனே! நீங்க சும்மா கேட்டுக்கினு இருந்தீங்களே!"

"நன்னா இருந்தது" என்றாள் கோமளம்.

அப்புறம் என்ன, அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் லேகியம், டிக்கெட், பதினோரு நாள் எல்லாம் அஃப்சருன்னிசாவுக்குத் தெரிந்துவிட்டது. ராமானுஜத்தின் காதில் விழும்படியாகத்தான் கோமளம் சொன்னாள். அவர் பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். நேற்றைய பேப்பர்.

"எங்க ஆளைப் பாருங்க" என்று மேலே தெரிந்த பாதங்களைக் காட்டினாள் அஃப்சருன்னிசா. "ஏறினதும் படுத்தாரு. ஆக்ராவுலதான் முழிப்பாரு. பேசாம கீறதுக்கு அவருக்கு சண்டைகூட தேவையில்ல."

சாப்பாட்டு வேளையில் அவள்தான் தூது.

"எத்தனை இட்லின்னு கேளுங்கோ."

"நாலு போறும்னு சொல்லுங்கோ."

"ராத்திரியும் சாப்பிடலை, ஆறா சாப்பிடச் சொல்லுங்கோ."

"மொளகாப்பொடி காரம் ஜாஸ்தின்னு சொல்லுங்கோ."

"பதினோரு நாளா நாக்கு மரத்துப் போயிருக்கும், அதான் உறைக்கறதுன்னு சொல்லுங்கோ."

அஃப்சருன்னிசாவுக்குக் கழுத்து வலித்தது. "எனக்கும் ரெண்டு இட்லி குடுத்துட்டு சண்டை போடுங்க மாமி" என்றாள். கோமளம் மூன்றாகக் கொடுத்தாள்.

நாக்பூரில் நிறையப் பேர் இறங்கினார்கள். ஆரஞ்சுக் கூடைகளும் புதுமுகங்களும் ஏறின. டிக்கெட் பரிசோதகரும் மாறியிருந்தார். அவர் தன் காகிதக் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு ராமானுஜத்திடம் இந்தியில் கடகடவென்று ஏதோ சொன்னார்.

ராமானுஜத்துக்கு இந்தி தெரியாது. தெரியாது என்று சொல்கிற வழக்கமும் கிடையாது. "அச்சா, அச்சா" என்று தலையாட்டினார்.

கோமளத்துக்குச் சுருக்கென்றது. தி. நகர் இந்தி வகுப்புக்கு நடையாய் நடந்து பரீட்சைகளெல்லாம் தேறியவள் அவள். பரிசோதகர் சொன்னது இதுதான்: எஸ்-ஒன்பதில் ஒரு மேல் படுக்கை காலி. ஒருத்தர் அங்கே போகலாம், மற்றவருக்கு இந்தப் படுக்கை முழுசும். யார் போகிறீர்கள்? இந்தக் கேள்விக்குத்தான் மனுஷர் 'அச்சா' என்கிறார்! மறுபடியும் அதே கதை. என்னவென்றே தெரியாவிட்டால்கூட இரண்டு பேருக்குமாகச் சேர்த்து முடிவு பண்ணிவிடுகிற தலை அது.

பரிசோதகர் பேனாவை நிறுத்தி மறுபடி கேட்டார். ராமானுஜம் அஃப்சருன்னிசாவைப் பார்த்தார்.

"எனக்கு இந்தி வராதுங்க" என்றாள் அவள். காலையிலிருந்து டீக்காரனையும் வெள்ளரிக்காய்க்காரனையும் இந்தியிலேயே வறுத்தெடுத்தவள், கண்ணைச் சிமிட்டாமல் சொன்னாள்.

ராமானுஜம் ஜன்னலைப் பார்த்து, "என்ன சொல்றான்?" என்றார். ஜன்னல் பேசவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "கோமளம், என்ன சொல்றான்?" என்றார்.

பதினோரு நாளுக்குப் பிறகு அவள் பெயர். ஆனாலும் இது அந்தக் கேள்வி இல்லையே. கோமளம் அஃப்சருன்னிசா பக்கம் திரும்பிச் சேதியைச் சொன்னாள்.

"காதுல விழுந்துச்சா ஐயா?" என்றாள் அஃப்சருன்னிசா. "இல்ல, தமிழ்லேர்ந்து தமிழுக்கு நான் மாத்திச் சொல்லணுமா?"

"விழுந்தது, விழுந்தது. அப்போ நீ இங்கயே..." என்று ஆரம்பித்த ராமானுஜம், பாதியில் நின்றார். கோமளத்தின் முகத்தில் என்ன தெரிந்ததோ. பரிசோதகர் பேனாவோடு காத்திருந்தார். ராமானுஜம் எச்சில் விழுங்கினார். மாத்திரைகூட அவ்வளவு கஷ்டப்பட்டு இறங்கினதில்லை.

"நீ என்ன சொல்றே?" என்றார். "உனக்கு எது சௌகரியம்?"

கோமளம் அசந்துபோனாள். அவர் கேட்டால் சொல்வதற்கென்று டில்லி விஷயத்தில் பதினோரு நாளாக ஒரு பிரசங்கமே தயார் பண்ணி வைத்திருந்தாள். படுக்கை விஷயத்தில் ஒன்றுமே யோசிக்கவில்லை. ஆனால் இடுப்பு யோசித்திருந்தது.

"நீங்க அங்க போங்கோ. எனக்குக் காலை நீட்டிப் படுக்கணும்."

"போகட்டுமா?"

"ஆமா."

இந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. சின்னப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒருமுறை திரும்பிப் பார்த்து, பரிசோதகர் பின்னாலேயே போனார். கோமளம் கூடையைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டுக் காலை நீட்டினாள். ஆகா!

பத்து நிமிஷம் இருக்கும்.

"கோமளம், தயிர் சாதம் எந்த டப்பாவுல?"

எஸ்-ஒன்பதிலிருந்து ஐந்து பெட்டி நடந்து வந்திருந்தார். எடுத்துக் கொடுத்தாள். போனார். மறுபடி வந்தார். "ராத்திரி மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" அப்புறம், "போர்வை எடுத்துக்கட்டுமா? அங்க காத்து ஜாஸ்தியா இருக்குமா?" கேட்கத் தெரியாதவருக்குக் கேட்க வந்துவிட்டால் இதுதான் ஆபத்து. இட்டார்சி வருவதற்குள் ஏழு தடவை.

"இதுக்கு நீங்க பேசாமலே இருந்திருக்கலாம் மாமி" என்றாள் அஃப்சருன்னிசா.

எட்டாவது தடவை அவர் ஒன்றும் கேட்காமல் நின்றார். வெளியே வெயில் சாய்ந்திருந்தது. சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தார். திரும்புகிற டிக்கெட்.

"இதுல ஒருத்தரோடது மட்டும் கேன்சல் பண்ணலாமா?"

கோமளம் எழுந்து உட்கார்ந்தாள். "பண்ணலாம். கவுண்டர்ல சொல்லணும்."

"டில்லி கவுண்டர்ல இந்தியிலன்னா சொல்லணும்." அவர் டிக்கெட்டை இன்னும் நன்றாக மடித்தார். "நீயே வந்து கேக்கறியா?"

தன் டிக்கெட்டைத் தானே போய் ரத்து பண்ண வேண்டுமாம். சிரிப்பு வந்தது அவளுக்கு. சிரிக்காமல் அவரைப் பார்த்தாள். தலை கலைந்து, மூக்குக் கண்ணாடி கோணலாக, எஸ்-ஒன்பதின் தூசியெல்லாம் வேஷ்டியில். இந்த மனுஷர் ராஜா அண்ணாமலைபுரத்தில் தனியாகக் கதவைப் பூட்டி, தனியாக அடுப்பைப் பற்றவைத்து...

"கேக்கறேன்" என்றாள். "மூணு மாசம்."

"ரெண்டரை ஆகாதா?"

"மூணு."

"சரி, மூணு." அவர் இன்னும் நின்றுகொண்டே இருந்தார். "ரசத்துக்குப் பெருங்காயம் எவ்வளவு போடணும்? முதல்லயா, இறக்கறச்சயா?"

கோமளம் காலை மடக்கிக்கொண்டு, கூடை இருந்த இடத்தைத் தட்டிக் காட்டினாள்.

"முதல்ல உக்காருங்கோ. டில்லி வரதுக்கு இன்னும் நாழியிருக்கு."

மேல் படுக்கையில் அப்துல் கஃபார் புரண்டு படுத்து, "ஆக்ரா வந்துடுச்சா?" என்றார்.